உஷார்! ரெட்ரோ கொண்டை ஆசை... தலைக்குப் பக்கத்தில் நெருப்பு!

பெண்களே, கையில் இருக்கும் கர்லிங் ராடை முதலில் கீழே வையுங்கள். சுவிட்சை அணையுங்கள். இதைப் படித்து முடித்த பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

கல்லூரியில் ரெட்ரோ டே. அக்காவின் ரிசப்ஷன். தோழிக்கு வளைகாப்பு. எங்கே பார்த்தாலும் அந்தக் காலத்து அலங்காரம்தான். சாவித்திரி மாதிரி சுருள் வேண்டும். சரோஜாதேவி மாதிரி தூக்கிக் கட்டிய கொண்டை வேண்டும். ‘காதலிக்க நேரமில்லை’ வந்த 1964-ஐ அப்படியே தலையில் இறக்கிவிட வேண்டும். ஆசைப்படுவதில் தப்பே இல்லை. போட்டால் லட்சணமாகத்தான் இருக்கிறது.

ஆனால் பார்லரில் கேட்கும் காசு கட்டுப்படியாகவில்லை என்று, போனில் ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு நீங்களே கண்ணாடி முன் உட்கார்ந்துவிடுகிறீர்களே, அங்கேதான் எங்களுக்கு வயிற்றைக் கலக்குகிறது. வீடியோவில் சுருள் விழுவதைக் காட்டுவார்கள். முடி பொசுங்குவதைக் காட்ட மாட்டார்கள். ஸ்ப்ரே அடிப்பதைக் காட்டுவார்கள். அந்தக் கேனின் முதுகில் அச்சிட்டிருக்கும் எச்சரிக்கையை யாரும் படித்துக் காட்ட மாட்டார்கள்.

சூடு. ஸ்ப்ரே. இழுப்பு. இந்த மூன்றோடு அவசரமும் சேர்ந்தால் ஆபத்து நிச்சயம்!

ஒரு பெண்ணுக்கு நடந்தது

பெயர் வேண்டாம். கல்லூரியில் படிக்கிற பெண். இடுப்பைத் தொடும் கூந்தல். வீட்டில் அக்காவுக்கு நிச்சயதார்த்தம். காலையில் தலைக்குக் குளித்தாள். நேரமாகிவிட்டது என்று, முடி காயும் முன்பே ராடை எடுத்தாள். அதுவும் உச்சச் சூட்டில் வைத்து. ‘உஸ்’ என்று சத்தம் வந்தது. வெள்ளையாக ஆவி கிளம்பியது. சுருள் நன்றாக விழுகிறது என்று அவளுக்குச் சந்தோஷம்.

பிறகு முன்பக்க முடியைக் கொத்துக் கொத்தாகப் பிடித்து, சீப்பால் நுனியிலிருந்து வேர்ப்பக்கம் தள்ளித் தள்ளி உயரம் ஏற்றினாள். அதன் மேல் ஹேர் ஸ்ப்ரே. கலையக் கூடாதே என்று மறுபடியும் ஸ்ப்ரே.

“மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்தாச்சு, ஓடிப்போய் விளக்கை ஏத்துடி” என்று அம்மா கூடத்திலிருந்து குரல் கொடுத்தார். ஸ்ப்ரேயின் ஈரம் இன்னும் காயவில்லை. குத்துவிளக்கின் திரியைத் தூண்டக் குனிந்தாள். காதோரம் தொங்கவிட்டிருந்த சுருள் சுடருக்குப் பக்கத்தில் போனது.

அவ்வளவுதான். குப்பென்று பற்றிக்கொண்டது!

பக்கத்தில் நின்ற சித்தப்பா, தோளில் கிடந்த பருத்தித் துண்டால் தலையை அழுத்தி மூடினார். பிழைத்தாள். ஆனால் காது மடலும் கழுத்தும் வெந்துவிட்டன. பதற்றத்தில் ஒருவர் பற்பசையை அப்பினார். இன்னொருவர் இட்லி மாவைக் கொண்டுவந்து பூசினார். அதையெல்லாம் புண்ணிலிருந்து கழுவி எடுக்கும்போது அவள் பட்ட வேதனை தீக்காயத்தின் வேதனையை விடப் பெரியது. நெருப்பு தொடாத பக்கமாவது தப்பித்ததா? அதுவும் இல்லை. ஈரத்தில் ராடு பட்ட முடியெல்லாம் சீப்பு பட்டாலே ஒடிந்து விழுந்தது. தோளுக்கு மேலே வெட்டிவிட வேண்டியதாகிவிட்டது.

“ஸ்ப்ரே தீப்பிடிக்கும்னு யாரும் சொல்லலையே” என்று கேட்டாளாம். அதனால்தான் சொல்கிறோம்!

கேனுக்குள் இருப்பது என்ன தெரியுமா?

ஹேர் ஸ்ப்ரேயில் முடியை விறைப்பாக நிறுத்துவது பிசின் போன்ற ஒரு பொருள். அதைக் கரைத்து வைத்திருப்பது பெரும்பாலும் ஆல்கஹால். கேனிலிருந்து அதை வெளியே தள்ளுவதற்குப் பல கேன்களில் அடைத்திருப்பது பியூட்டேன், புரொப்பேன் வாயுக்கள்.

உங்கள் சமையலறை சிலிண்டரில் இருப்பதும் அதே பியூட்டேன், புரொப்பேன்தான்!

கேஸ் கசிந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டு ஓடுகிற நாம், இதைக் கதவைச் சாத்திக்கொண்டு தலையில் அடித்துக்கொள்கிறோம். அடித்த கையோடு பூஜையறைக்குப் போகிறோம். ஆரத்தி எடுக்கிறோம். கற்பூரத்தைக் கண்ணில் ஒற்றக் குனிகிறோம். பால் பொங்குகிறதா என்று அடுப்பை எட்டிப் பார்க்கிறோம். நம் விசேஷங்களில் சுடர் இல்லாத நிமிஷம் உண்டா? ஸ்ப்ரே காய்ந்துவிட்டால் பயமில்லை என்றும் நினைக்காதீர்கள். முடியே எளிதில் பற்றக்கூடியது. தொங்கும் சுருள் எப்போதும் ஆபத்துதான்.

பெரிய இடத்தில், ஆட்கள் சூழ நிற்கும்போதே இது நடந்திருக்கிறது. 1984 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு விளம்பரப் படப்பிடிப்பு. மேடை வாணவேடிக்கையின் பொறி பட்டு மைக்கேல் ஜாக்சனின் தலைமுடி பற்றியது. உச்சந்தலையில் தீக்காயம். அங்கே உதவிக்கு ஒரு பட்டாளமே இருந்தது. உங்கள் படுக்கையறையில் யார் இருக்கிறார்கள்?

இன்னொன்று. 50 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகும் இடத்தில் வைக்காதே என்று கேனிலேயே போட்டிருக்கும். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் அந்தச் சூடு சர்வசாதாரணம். கல்யாணத்துக்குப் போகும் வழியில் டச்சப் செய்யலாம் என்று காரில் விட்டுவிட்டு இறங்காதீர்கள். கேன் வெடிக்கும்!

ஈர முடியில் ராடு? வேண்டவே வேண்டாம்!

இட்லி அவியும் ஆவியின் சூடு 100 டிகிரி. கர்லிங் ராடின் சூடோ 200 டிகிரியைத் தாண்டும். ஈர முடியில் அதை வைத்தால், முடிக்குள் இருக்கும் தண்ணீர் ஒரே நொடியில் ஆவியாகும். வெளியே வர இடமில்லாமல் முடித்தண்டுக்குள்ளேயே குமிழ் குமிழாக ஊதும். அந்த இடத்தில் முடி வலுவிழந்து ஒடியும்.

எண்ணெய் தடவினால் சரியாகிவிடாதா என்று கேட்காதீர்கள். சரியாகாது. வெளியே தெரியும் முடி உயிரில்லாதது. வெந்த முடி மறுபடி ஆறாது. வெட்டலாம், அவ்வளவுதான். மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் முடி வளரும். இருபது நிமிஷத்தில் கருக்கிய அரை மீட்டர் கூந்தல் திரும்பி வர நாலு வருஷத்துக்கு மேல் ஆகும்!

அந்தக் காலத்துப் பெண்களே இதில் அடிபட்டிருக்கிறார்கள். 1870-களில் பாரிஸில் மார்செல் கிராட்டோ, இடுக்கியை நெருப்பில் காய்ச்சி அலை அலையாக முடியை மடக்கும் வித்தையைக் கொண்டுவந்தார். முடியில் வைக்கும் முன் அப்படிப்பட்ட இடுக்கியைக் காகிதத்தில் வைத்துப் பார்ப்பது வழக்கம். காகிதம் பழுத்தால் சூடு அதிகம் என்று அர்த்தம். 1900-களின் தொடக்கத்தில் சார்லஸ் நெஸ்லர், கலையாத நிரந்தரச் சுருளைக் கண்டுபிடிக்கத் தன் மனைவியின் தலையிலேயே பரிசோதனை செய்தார். முதல் முயற்சிகளில் அந்த அம்மாவின் முடி கருகியது. தலையும் வெந்தது.

அவர்கள் பட்டது போதாதா? நீங்களும் படவேண்டுமா?

இழுத்துக் கட்டினால் நெற்றி ஏறும்!

1960-ல் சிகாகோவில் மார்கரெட் வின்சி ஹெல்ட் ‘பீஹைவ்’ கொண்டையை அறிமுகப்படுத்தினார். தேன்கூடு மாதிரி உயர்ந்து நிற்கும் அந்த ஸ்டைல் உலகத்தையே சுற்றி வந்தது. அந்த உயரத்துக்கு முடியைப் பின்னோக்கி வார வேண்டும். முடியின் மேல்தோல் செதில் செதிலாக, வேரிலிருந்து நுனியை நோக்கிப் படிந்திருக்கும். எதிர்த் திசையில் வாரினால் செதில்கள் தூக்கிக்கொள்ளும், பெயரும். எப்போதாவது ஒரு நாள் என்றால் தாங்கும். வாரம் ஒரு ரீல்ஸ் என்றால் தாங்காது.

இழுத்து முடிந்த கனமான கொண்டை இன்னும் மோசம். நெற்றியோரமும் காதுக்கு மேலும் வேர்கள் நாளெல்லாம் இழுபடும். அங்கே முடி உதிர ஆரம்பிக்கும். ஆரம்பத்திலேயே விட்டுவிட்டால் வளர்ந்துவிடும். தொடர்ந்து இழுத்தால் வேரே தழும்பாகிவிடும். பிறகு எந்தத் தைலமும் பலிக்காது!

சவுரி வைப்பவர்களே, கூடுதல் கவனம். கடையில் மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் செயற்கை இழை. அதில் ராடை வைத்தால் உருகும். உருகி உங்கள் கழுத்தில் ஒட்டினால் தோலோடு உரியும்.

கொண்டை ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு அலங்காரம் செய்யும் பழக்கம் நம்மில் நிறையப் பேருக்கு உண்டு. ஒரு தும்மல் வந்தால் போதும். ஊசி தொண்டைக்குள், இல்லாவிட்டால் மூச்சுக்குழாய்க்குள்! பக்கத்தில் ஒரு கிண்ணம் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த அறிகுறிகள் தெரிந்தால் உடனே நிறுத்துங்கள்!

• ராடு பட்டதும் ‘உஸ்’ சத்தம், ஆவி. முடி காயவில்லை.

• முடி பொசுங்கும் வாடை. சூடு அதிகம். “லேசாகத்தானே” என்று தொடராதீர்கள்.

• முடியில் ஆங்காங்கே வெள்ளைப் புள்ளி. அந்த இடத்தில்தான் ஒடியப் போகிறது.

• ஈர முடியை மெல்ல இழுத்தால் ரப்பர் மாதிரி நீண்டு அறுகிறது. உள்வலு போய்விட்டது.

• கொண்டை போட்டதும் நெற்றி விண்ணென்று தெறிக்கிறது, புருவத்தைத் தூக்கவே வலிக்கிறது. உடனே அவிழுங்கள். விசேஷம் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

• நெற்றி ஓரத்தில் சின்னச் சின்னப் பருக்கள், சிவப்பு, அரிப்பு. வேர் இழுபடுகிறது. தோல் மருத்துவரைப் பாருங்கள்.

• ஸ்ப்ரே அடித்ததும் இருமல், நெஞ்சு இறுக்கம். வீசிங் உள்ளவர்கள் ஸ்ப்ரே பக்கமே போக வேண்டாம். குழந்தை இருக்கும் அறையிலும் அடிக்க வேண்டாம்.

• பிளக் சூடாகிறது, வயர் மடிப்பில் பொறி தெரிகிறது. அந்த ராடு இனி குப்பைக்கு!

சூடு பட்டுவிட்டால்?

குழாய்த் தண்ணீர். ஓடும் தண்ணீரில் 20 நிமிஷம் காட்டுங்கள். ஐஸ் வேண்டாம். பற்பசை, இங்க், காபித்தூள், மஞ்சள், மாவு எதுவும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்காதீர்கள். காயம்பட்ட இடத்தில் தோடு, சங்கிலி இருந்தால் வீங்கும் முன் கழற்றிவிடுங்கள். முடியில் தீப்பற்றினால் ஓடக் கூடாது. ஓடினால் தீ வளரும். தடித்த பருத்தித் துணியால் அழுத்தி மூடுங்கள். முகம், கண், கழுத்தில் பட்டால் கைவைத்தியம் பேசாதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள்.

அப்படியானால் ரெட்ரோவே கூடாதா?

யார் சொன்னது? தாராளமாகப் போடுங்கள். ஒரு ரகசியம் சொல்கிறோம். அந்தக் காலத்துச் சுருள்கள் பலவும் சூடே படாமல் வந்தவை. லேசான ஈரத்தில் முடியைச் சின்னச் சின்னச் சுருளாகச் சுற்றி, ஊசி குத்தி, இரவெல்லாம் விட்டுவிடுவார்கள். காலையில் அவிழ்த்து வாரினால் அலை அலையாக விழும். திரையில் நீங்கள் பார்க்கும் பெரிய கொண்டைகளிலும் சவுரிக்கும் டோப்பாவுக்கும் பங்கு உண்டு. சொந்த முடியைத் தண்டித்து அந்த உயரத்தை எட்டப் பார்க்காதீர்கள்.

முந்தின நாள் மாலையே தொடங்குங்கள். தண்ணீர் சொட்டாத, லேசான ஈரம் போதும். பழைய பருத்திப் புடவையைக் கிழித்த நாடா இருந்தால் போதும், அதில் சுற்றி முடிச்சுப் போடுங்கள். பிடிப்புக்கு ஆளி விதையைக் கொதிக்கவைத்து வடித்த ஜெல் தடவலாம். முழுக்கக் காய்ந்த பிறகே அவிழுங்கள்.

ராடுதான் வேண்டும் என்றால், நன்றாகக் காய்ந்த முடியில், எண்ணெய் இல்லாமல், குறைந்த சூட்டில் மட்டும். முதலில் வெள்ளைக் காகிதத்தில் வைத்துப் பாருங்கள். பழுத்தால் சூட்டைக் குறையுங்கள். குளியலறையில் கூடாது. படுக்கையின் மேல் வைக்கக் கூடாது. அணைத்த பிறகும் கால் மணி நேரமாவது குழந்தை கைக்கு எட்டாமல் வையுங்கள்.

ஸ்ப்ரே கடைசியில், ஜன்னலைத் திறந்துவைத்து, ஒரு அடி தள்ளிப் பிடித்து அடியுங்கள். அதன் மேல் மறுபடி ராடு வைக்காதீர்கள். பின்வாரிய சிக்கை உலர்ந்த நிலையில் பிய்க்காதீர்கள். கண்டிஷனர் தடவி, நுனியிலிருந்து மெதுவாக எடுத்து வாருங்கள்.

அம்மாக்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. விசேஷ நாளில் ஸ்ப்ரே அடித்த பெண்ணை விளக்கேற்ற அனுப்பாதீர்கள். அடுப்படிக்கும் கூப்பிடாதீர்கள். விளக்கேற்றுவது அவள்தான் என்றால் அலங்காரத்துக்கு முன்பே ஏற்றட்டும்.

இப்போதே எழுந்து போய் அந்த ஸ்ப்ரே கேன் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பூஜை அலமாரியிலோ அடுப்பு மேடையிலோ ஜன்னல் வெயிலிலோ இருந்தால், எடுத்து வேறு இடத்தில் வைத்துவிட்டு மறுவேலை பாருங்கள்!