டர்னர் போட்டா யாருக்கு லாபம்? இந்தியா 0, நியூசிலாந்து 3

இன்னைக்குக் கொஞ்சம் வலிக்கிற சப்ஜெக்ட். 2024 அக்டோபர், நவம்பர்ல நியூசிலாந்து இங்க வந்து மூணு டெஸ்டையும் ஜெயிச்சுட்டுப் போனாங்களே, அந்தத் தொடர். ஸ்கோர்கார்டு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். ஏன் நடந்ததுங்கிறதுல எனக்கு ஒரு வாதம் இருக்கு.

முதல்ல இது எவ்வளவு பெரிய விஷயம்னு பார்த்துடலாம். 2012 டிசம்பர்ல இங்கிலாந்துகிட்ட தோத்ததுக்கு அப்புறம், சொந்த மண்ணுல இந்தியா தொடர்ச்சியா 18 டெஸ்ட் தொடர் ஜெயிச்சிருந்தது. அத்தனை வருஷத்துல இங்க தோத்த டெஸ்ட் மொத்தமே 4தான். வந்த டீமோ, முந்தின மாசம் இலங்கையில 0-2 அடிவாங்கிட்டு வந்த டீம். டிம் சவுதி கேப்டன் பதவியை விட்டுட்டார், டாம் லேதம் புதுசு. கேன் வில்லியம்சன் காயத்தால ஒரு மேட்ச்கூட ஆடலை. அதுக்கு முன்னாடி நியூசிலாந்து இந்தியாவுல ஜெயிச்ச டெஸ்ட் ரெண்டே ரெண்டு, கடைசியா 1988ல. யாராவது 3-0ன்னு முன்கூட்டியே சொல்லியிருந்தா, தண்ணி குடிச்சிட்டுப் படுக்கச் சொல்லியிருப்போம்.

தோத்ததும் எல்லாரும் கையைக் காட்டினது ரோஹித், கோலி பக்கம். ஆறு இன்னிங்ஸ்ல ரோஹித் 91 ரன், கோலி 93. அது உண்மைதான், மோசம்தான். ஆனா அதை மட்டும் சொல்லிட்டு நகர்ந்துட்டா முக்கியமான ஒண்ணை விட்டுடுவோம்.

பெங்களூர் டெஸ்டை ஓரமா வச்சுடறேன். மழையில முதல் நாள் போச்சு, மேகமூட்டத்துல டாஸ் ஜெயிச்ச ரோஹித் பேட்டிங் எடுத்தார், 46க்கு ஆல் அவுட். மேட் ஹென்றி 15 ரன்னுக்கு 5 விக்கெட். இரண்டாவது இன்னிங்ஸ்ல சர்ஃபராஸ் 150, பந்த் 99னு 462 அடிச்சும் பத்தலை. பிட்சைத் தப்பா கணிச்ச ஒரு காலை நேரம், அவ்வளவுதான். இது எந்த டீமுக்கும் நடக்கும்.

அதுக்கு அப்புறம் நாம என்ன பண்ணோம்ங்கிறதுதான் மேட்டர். புனேயில காய்ஞ்ச டர்னர். "ஸ்பின்னுன்னா நம்ம ஏரியா" லாஜிக்.

இங்கதான் கொஞ்சம் கணக்கு. ஒரு பேச்சுக்கு நம்பர் வச்சுக்குவோம், இது நானே போட்டுக்கிட்ட நம்பர். நல்ல பேட்டிங் பிட்ச்ல அஸ்வின் மாதிரி ஒரு மாஸ்டர் 60 பந்துக்கு ஒரு விக்கெட் எடுக்கறார், சுமாரான ஸ்பின்னருக்கு 120 பந்து ஆகுது. வித்தியாசம் ரெண்டு மடங்கு. இப்போ பிட்ச் வெடிச்சுக் கிடக்கு. அதே இடத்துல விழற ஒரு பந்து அரை அடி திரும்புது, அடுத்தது நேரா போகுது. எது எதுன்னு போட்டவருக்கே தெரியாது. அப்போ மாஸ்டருக்கு 35 பந்து, சுமாரானவருக்கு 45. ரெண்டு பேருமே நல்லா இருக்காங்க, ஆனா இடைவெளி காணாமப் போச்சு. அந்த இடைவெளியை வச்சுத்தானே நாம 12 வருஷமா ஜெயிச்சோம்?

இன்னொண்ணு, மேட்ச் சின்னதாகுது. தெருவுல 5 ஓவர் பெட் மேட்ச் ஆடினவங்களுக்குத் தெரியும், எந்த டீமும் எந்த டீமையும் சாய்க்கலாம். 20 ஓவர் வச்சா நல்ல டீம் மேல வந்துடும். அஞ்சு நாள் ஆட்டத்தை மூணு நாளா சுருக்கினா, பலமான டீம்தான் தன் பாதுகாப்பைத் தூக்கிப் போடுது. டாஸுக்கும் கூடுதல் மவுசு. புனே, மும்பை ரெண்டுலயும் டாஸ் நியூசிலாந்துக்கு. ரெண்டுலயும் பேட்டிங் எடுத்தாங்க.

புனேயில முதல் இன்னிங்ஸ்ல வாஷிங்டன் சுந்தர் 7, அஸ்வின் 3. பத்து விக்கெட்டும் நம்ம சென்னைப் பசங்க. செம்ம நாள். மறுநாள் மிட்செல் சான்ட்னர் 53 ரன்னுக்கு 7. அதுவரைக்கும் டெஸ்ட்ல ஒரு தடவைகூட 5 விக்கெட் எடுத்ததில்லை அவர். மேட்ச்ல மொத்தம் 13. கோலி லோ ஃபுல்டாஸ்ல போல்டானது பிட்ச் தப்பில்ல, அதை ஒத்துக்கறேன். ஆனா பழைய ஸ்கோர்கார்டுகளை எடுத்துப் பாருங்க. 2017 புனேயில ஸ்டீவ் ஓ'கீஃப் 70 ரன்னுக்கு 12. 2023 இந்தோர்ல மேத்யூ குனமன், தன்னோட ரெண்டாவது டெஸ்ட்லயே 16 ரன்னுக்கு 5. 2024 ஹைதராபாத்ல டாம் ஹார்ட்லி, அறிமுக டெஸ்ட், 7 விக்கெட். இவங்க யாரும் வார்னே இல்ல.

மும்பையும் அதே கதை. இலக்கு வெறும் 147. 29க்கு 5 போச்சு. பந்த் 64 அடிச்சு இழுத்தார், அவர் அவுட்டான டிஆர்எஸ் முடிவைப் பத்தித் தனியா சண்டை போடலாம். 121ல முடிஞ்சது, 25 ரன்ல தோல்வி. அஜாஸ் படேல் மேட்ச்ல 11 விக்கெட். மும்பையில பிறந்தவர், 2021ல இதே வான்கடேல ஒரே இன்னிங்ஸ்ல 10 விக்கெட் எடுத்தவர். அவருக்கா அங்க டர்னர் போடறது?

வான்கடேக்கு இது புதுசுமில்ல. 2012ல தோனி வெளிப்படையாவே திரும்பற பிட்ச் கேட்டார். கிடைச்சது. பனேசர் 11, ஸ்வான் 8, இங்கிலாந்து 10 விக்கெட்ல ஜெயிச்சது. 2024க்கு முன்னாடி நாம கடைசியா சொந்த மண்ணுல தோத்த அந்தத் தொடர் அங்கதான் திரும்பிச்சு.

அப்புறம் ஏன் திரும்பத் திரும்ப இதையே பண்றோம்? உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப்ல ஜெயிச்சா 12 பாயின்ட், டிரா ஆனா 4. ஃபைனல் வேணும்னா டிராவை ஒழிக்கணும், அதுக்கு டர்னர் ஈஸி வழி. டிரா ஒழியும்தான், ஆனா கூடவே தோல்விக்கும் கதவு திறக்குது. இந்தக் கணக்கை யாரும் போடற மாதிரி தெரியல. அந்த வருஷம் ஃபைனலும் கிடைக்கல.

2025 நவம்பர்ல ஈடன் கார்டன்ஸ். கேட்ட மாதிரியே பிட்ச் கிடைச்சதுன்னு கோச் கம்பீரே சொன்னார். இலக்கு 124, இந்தியா 93. தென்னாப்பிரிக்காவோட சைமன் ஹார்மருக்கு 8 விக்கெட்.

ஆனா ஒண்ணு சொல்லியாகணும். அடுத்த டெஸ்ட் குவாஹாட்டி, அங்க பிட்ச் நல்லாவே இருந்தது. தென்னாப்பிரிக்கா முதல் இன்னிங்ஸ்ல 489 அடிச்சாங்க, நாம 201. யான்சன் ஷார்ட் பால் போட்டே ஆளைத் தூக்கி 6 விக்கெட் எடுத்தார். 408 ரன் தோல்வி, ரன் கணக்குல இந்தியாவோட மிகப் பெரிய தோல்வி. இது என் டர்னர் தியரிக்குள்ள அடங்காது. நல்ல பிட்ச்லயும் நின்னு ஆட ஆள் இல்லைன்னா அது பேட்டிங் பிரச்சினை. நம்ம பேட்ஸ்மேன்கள் வருஷத்துக்கு எத்தனை நாள் ரஞ்சி ஆடறாங்கன்னு நோண்டணும். அதுக்குத் தனி எபிசோட் போடுவோம்.