நிறுத்து என்னும் ஒரு சொல்

நாட்டின் போக்குவரத்தைப் பற்றிப் பேசப் புகுவோர் பெரும்பாலும் ஓட்டத்தைப் பற்றியே பேசுவர். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு எத்தனை மணித்தியாலம், புதிய பெட்டிகள் எப்பொழுது வரும், ஆசனம் முன்கூட்டிப் பதிவு செய்யக் கிடைக்குமா என்பனவே நாம் வழக்கமாகக் கேட்கும் வினாக்கள். இவை வேண்டிய வினாக்களே. ஆயின், ஓடிக்கொண்டிருக்கும் வண்டியை நிறுத்தவேண்டிய வேளை ஒன்று வந்தால், நிறுத்து என்னும் சொல் யார் வாயிலிருந்து புறப்பட்டு, எவ்வழியே சென்று, யார் காதில் விழும் என்று கேட்பார் மிகச் சிலர். பாலத்தின் உறுதியும் தண்டவாளத்தின் தரமும் எத்துணைச் சிறந்தனவாயினும், இச்சொல் உரிய நேரத்தில் போய்ச் சேராவிடின் அவற்றால் பயனில்லை. இதனை நமது நாடு பெருவிலை கொடுத்துக் கற்றது.

2004ஆம் ஆண்டு மார்கழி மாதம் 26ஆம் நாள். ஞாயிற்றுக்கிழமை, பூரணை தினம், நத்தாருக்கு மறுநாள். கொழும்புக் கோட்டையிலிருந்து மாத்தறைக்குச் செல்லும் 50ஆம் இலக்கப் புகையிரதம் விடுமுறைக் கூட்டத்தை நிறைத்துக்கொண்டு காலை 6.50 மணியளவில் புறப்பட்டது. அது கொழும்பைத் தாண்டிச் செல்லுமுன்னரே, ஏழு மணிக்குச் சற்று முன்பாக, சுமாத்திராவுக்கு அப்பால் கடலின் அடித்தளம் பிளந்தது. பல்லேகலையில் உள்ள அளவைக் கருவி அந்த நடுக்கத்தைச் சில நிமிடங்களிலேயே பதிந்துவிட்டது. ஆனால் அங்கிருந்து கிளம்பும் பேரலை இலங்கைக் கரையை வந்து தாக்கும் என எவரும் எண்ணிலர். அலை நமது கிழக்குக் கரையில் ஏறியது ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தின் பின்னர். அது தீவைச் சுற்றித் தென்மேற்குக்கு வந்து, ஹிக்கடுவைக்கு அண்மையில் உள்ள பெரலிய என்னும் சிற்றூரை அடைய மேலும் ஏறத்தாழ ஒரு மணி நேரம் சென்றது.

அந்த ஒரு மணி நேரமே இக்கட்டுரையின் பொருள் எனலாம். அழிவின் செய்தி மருதானையில் உள்ள புகையிரதக் கட்டுப்பாட்டு நிலையத்துக்கு எட்டியது. அங்கிருந்தோர் கைகட்டி இருந்துவிடவில்லை. கரையோரப் பாதையில் ஓடிக்கொண்டிருந்த எட்டு வண்டிகளை அவர்கள் நிறுத்தினர். எஞ்சியது மாத்தறை வண்டி. அதனை அம்பலாங்கொடையில் மறித்துவிட முயன்று தொலைபேசியில் அழைத்தனர். மணி அடித்தது, எடுப்பார் இல்லை. நிலையத்தில் இருந்தோர் யாவரும் மேடையில் நின்ற அதே வண்டியின் அலுவலில் ஈடுபட்டிருந்தனர். தொலைபேசியை ஒருவர் எடுத்தபோது வண்டி புறப்பட்டுப் போயிருந்தது. அதற்கு அப்பால் உள்ள நிலையங்களை அழைத்தபோது, அங்கிருந்தோர் ஓடியிருந்தனர் அல்லது மாண்டிருந்தனர்.

பெரலியவில் கடலுக்கும் பாதைக்கும் இடையே ஏறத்தாழ இருநூறு மீற்றர்தான். முதலில் வந்த வெள்ளத்தில் வண்டி நின்றது. ஊர் மக்கள், இத்துணைப் பாரமான இரும்பை நீர் என்ன செய்யும் என்று எண்ணினர் போலும். பலர் பெட்டிகளில் ஏறினர், சிலர் கூரையில் ஏறினர், வேறு சிலர் வண்டியின் பின்புறத்தில் ஒதுங்கினர். அடுத்து வந்த பேரலை பெட்டிகளைத் தூக்கி எறிந்தது. இறந்தோர் ஆயிரத்துக்கு மேற்பட்டோர். ஆயிரத்து எழுநூறு வரை என மதிப்பிடுவோரும் உளர். உலகப் புகையிரத வரலாற்றில் இதனினும் கூடிய உயிர்களைக் கொண்ட விபத்து வேறில்லை என்பர்.

இதில் எவரைக் குறை கூறுவது? அம்பலாங்கொடை ஊழியர் தத்தம் கடமையையே செய்துகொண்டிருந்தனர். தொலைபேசியும் பழுதுபடவில்லை. கட்டுப்பாட்டு நிலையத்தாரும் உறங்கவில்லை. செய்தி செல்லும் வழி ஒற்றையடிப் பாதையாக இருந்ததே குறை. சாரதியோடு நேரே பேசுவதற்கு மற்றொரு வழி கிடைத்திருப்பின், அல்லது மேடையில் எது நடந்தாலும் தொலைபேசியை விட்டு நகராத ஒருவர் இருந்திருப்பின், அந்த வண்டி அம்பலாங்கொடையிலேயே நின்றிருக்கும்.

கரையோரப் பாதை இரண்டு மாதங்களுக்குள் மீண்டும் ஓடத் தொடங்கியது. கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடா தந்த எஞ்சின்களில் ஒன்றான ‘மனிற்றோபா’தான் அன்று அந்த வண்டியை இழுத்துச் சென்றது. அதுவும் திருத்தப்பெற்று மறுபடி சேவைக்கு வந்தது. இத்தகைய விரைவைப் பாராட்டுவோரோடு நாமும் சேர்ந்து பாராட்டுவோம். எனினும் வீழ்ந்த பாதையை மீளப் போடுவதையே ஒரு நாட்டின் தாங்குதிறன் எனக் கொள்வதை நாம் ஏற்கோம். இரும்பை மீளப் போடலாம்.

செய்தி தவறுவதால் நேரும் இழப்பைப் புகையிரதத் துறை முன்னரும் கண்டதுண்டு. 1874ஆம் ஆண்டு புரட்டாதி மாதம் 10ஆம் நாள் இரவு, இங்கிலாந்தில் நோர்விச் நகரத்துக்கு அண்மையில் தோர்ப் என்னுமிடத்தில், ஒற்றைத் தண்டவாளத்தில் இரண்டு வண்டிகள் நேருக்கு நேர் மோதின. எதிர்ப்பக்கத்து வண்டியை வரவிடலாம் என்ற தந்தி, அதிகாரியின் கையொப்பம் பெறுமுன்னரே அனுப்பப்பட்டுவிட்டது. தவறு தெரிந்ததும் அதனை மறுத்து இன்னொரு தந்தி பறந்தது. வண்டி புறப்பட்டுவிட்டது என்பதே வந்த மறுமொழி. இருபத்தைந்து பேர் மாண்டனர்.

அந்தத் துயரத்தின் பயனாக எட்வேட் ரயர் என்பவர் 1878இல் ஒரு கருவியை அமைத்தார். அதனை நம்மவர் பலர் கண்டிருப்பர். ஆனால் அதன் பொருளை எண்ணியிருக்கமாட்டார். மலைநாட்டுப் பாதையில் செல்லும்போது, நிலைய அதிபர் பெரிய வளையம் ஒன்றை நீட்ட, எஞ்சினில் இருப்பவர் அதனைக் கையில் மாட்டிப் பறித்துக்கொள்வார். சிறுவர்கள் அதனை ஒரு விளையாட்டாகக் கருதி மகிழ்வர். அந்த வளையத்தோடு இணைந்த பையில் ‘ரப்லெற்’ எனப்படும் வட்டமான உலோகத் தகடு ஒன்று உண்டு. இரு நிலையங்களிலும் உள்ள பெட்டிகள் மின்கம்பியால் பிணைக்கப்பட்டவை. ஒரு தகடு வெளியே எடுக்கப்பட்டபின், அது திரும்பப் பெட்டியுள் வைக்கப்படும்வரை எந்தப் பக்கத்திலும் மற்றொன்றை எடுக்க இயலாது. தகடு கையில் இன்றிச் சாரதி அந்தப் பாதையில் நுழையலாகாது. வாய்ச்சொல் மாறலாம், தந்தி முந்திப் பிந்தி வரலாம், ஒரே தகடு இரண்டு கைகளில் இருக்க முடியாது. செய்தியைப் பொருளாக்கிய இவ்வுபாயத்தை நாம் வியக்கின்றோம்.

ஆயினும் இது வண்டியை வண்டியிடமிருந்து காப்பது, கடலிடமிருந்து காப்பதன்று. 1964ஆம் ஆண்டு மார்கழி 22ஆம் நாள் நள்ளிரவை அண்டிப் பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் புறப்பட்ட வண்டியை ஈழத்தவர் மறத்தலரிது. தலைமன்னாரில் கப்பலேறி இந்தியாவுக்குச் சென்ற நம்மவர் கால் வைத்த துறை தனுஷ்கோடி. அன்றைய சூறாவளி மன்னாரையும் நமது வடபகுதியையும் கூடத் தாக்கிற்று. தனுஷ்கோடியை நெருங்கிய வேளையில் கைகாட்டி விளக்குச் செயலற்றிருந்தது. சாரதி சற்று நேரம் காத்திருந்தார். பின்னர் நீண்ட ஊதல் ஒலி எழுப்பி வண்டியை மெல்ல நகர்த்தினார் என்பர். கடல் எழுந்து வண்டியை விழுங்கியது. நூற்றுக்கு மேற்பட்டோரில் ஒருவரும் பிழைத்திலர். கைகாட்டி பேசாதபோது அதன் மௌனத்தையே ‘நில்’ என்று கொள்ளவேண்டும் என்பது புகையிரத விதி. ஆனால் காரிருளில், கடலுக்கு நடுவே, பயணிகளோடு எத்தனை நேரம் நிற்பது என்பதை அந்த மனிதர் தனித்தே தீர்மானிக்க வேண்டியிருந்தது. அவருக்குத் துணையாக ஒரு குரலும் இல்லை. சிதைந்த பாம்பன் பாலத்தைப் பொறியியலாளர் ஸ்ரீதரன் தலைமையில் 46 நாட்களில் செப்பனிட்டனர். காற்றின் வேகம் குறித்த எல்லையைக் கடந்தால் தானாகவே சிவப்பு விளக்கைக் காட்டும் கருவி பிற்காலத்தில் அப்பாலத்துக்கு அமைந்தது. தனுஷ்கோடிக்குப் பாதை மீண்டும் போடப்படவில்லை.

மனிதர் தீர்மானிக்குமுன்னரே தீர்மானிக்கும் இவ்வகைக் கருவியைப் பூரணப்படுத்தியவர் ஜப்பானியர். நிலநடுக்கத்தின் முதல் மெல்லதிர்வு, அதன் பின்வரும் பேரதிர்வைவிட விரைந்து செல்வது. கரையோரக் கருவிகள் அந்த மெல்லதிர்வை உணர்ந்ததும் அதிவேக வண்டிகளுக்குச் செல்லும் மின்சாரம் துண்டிக்கப்படும். வண்டிகள் தாமே தடைபோடும். 2011ஆம் ஆண்டு பங்குனி 11ஆம் நாள் பெருநடுக்கத்தின்போது வடகிழக்குப் பாதையில் 27 அதிவேக வண்டிகள் ஓடிக்கொண்டிருந்தன. பயணிகளோடு சென்ற எதுவும் தடம்புரளவில்லை. செந்தாய் நகரத்தருகே சோதனை ஓட்டத்தில் இருந்த வெற்று வண்டி ஒன்றே தடம்புரண்டது.

எனினும் நமது உள்ளத்தைத் தொடுவது அதே நாளில் சின்சி என்னும் சிறு கரையோர நிலையத்தில் நிகழ்ந்தது. அங்கு நின்றது சாதாரண வண்டி. பயணிகள் ஏறக்குறைய நாற்பதின்மர். அலை வரும் என்ற எச்சரிக்கையைப் பயணி ஒருவர் கைத்தொலைபேசியிற் கண்டார். தற்செயலாக அவ்வண்டியில் இருந்த இளம் பொலிஸார் இருவர் எல்லோரையும் இறக்கி மேட்டுநிலத்தை நோக்கி நடத்திச் சென்றனர். பின்னர் வந்த அலை அந்த வண்டியைச் சுருட்டி எறிந்தது. பெட்டிகளில் ஒருவரும் இல்லை. பெரலியவில் மக்கள் வண்டியில் ஏறினர், சின்சியில் இறங்கினர். இடையிலிருந்த வேறுபாடு ஒரு செய்தியும், அதனைச் செயலாக்க உரிமை பெற்ற இருவருமே.

இயற்கை தரும் இடரை விட்டு மனிதர் இழைக்கும் இடருக்கு வந்தால் இவ்வுரிமை இன்னும் சிக்கலாகின்றது. 1996ஆம் ஆண்டு ஆடி 24ஆம் நாள் தெகிவளையில் மாலை வண்டியின் பெட்டிகளில் வெடிகுண்டுகள் வெடித்து 64 பேர் இறந்தனர். வேலை முடிந்து வீடு திரும்பிய எளியோர் அவர்கள். நாளாந்தம் இலட்சக்கணக்கானோர் ஏறி இறங்கும் வண்டிகளில் ஒவ்வொரு பொதியையும் பிரித்துப் பார்ப்பது எந்த அரசுக்கும் இயலாது. உரியவர் இல்லாத பையை முதலிற் காண்பவர் பக்கத்து ஆசனத்துப் பயணியே. அவர் வாய் திறந்தால் வண்டி நிற்கும். ஆனால் வாய் திறந்தவரையே மறித்து, எங்கிருந்து வருகிறாய், ஏன் வருகிறாய் என்று கேட்பார்களோ என்ற அச்சம் உள்ளவர் மெல்ல எழுந்து வேறு பெட்டிக்குப் போய்விடுவார். பையைப் பாராது முகத்தையும் அடையாள அட்டையையும் பார்த்த சோதனைகளை வடபகுதிப் பயணிகள் மறந்திலர். அத்தகைய சோதனை நீதிக்கு மாத்திரமன்றிப் பாதுகாப்புக்கும் கேடு விளைத்தது என்பது நமது துணிபு.

செய்தி வந்தும் கேளாதிருப்பது வேறு வகை. 2005ஆம் ஆண்டு சித்திரை 27ஆம் நாள் பொல்காவலைக்கு அண்மையில் யாங்கல்மோதரைக் கடவையில் தடை போடப்பட்டிருந்தும் பேருந்து ஒன்று அதனைக் கடக்க முயன்றது. முப்பதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். முந்திச் செல்லும் போட்டியில் ஓட்டும் பேருந்துச் சாரதிக்கு மூடிய கடவை ஓர் இடையூறாகத் தோன்றுகின்றது.

நமது வடக்கில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1990 ஆனியில் யாழ்தேவி நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போயின. 2014 ஐப்பசி 13ஆம் நாளே வண்டி மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. இருபத்துநான்கு ஆண்டுகளாக ஊதல் ஒலி கேளாது ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. பாதையோரத்தில் வீடுகள் வந்தன. ஒழுங்கைகள் பாதையைக் குறுக்கறுத்தன. எண்பது கிலோமீற்றர் வேகத்தில் வரும் வண்டியை நிறுத்த எத்தனை தூரம் வேண்டும் என்று நமது வகுப்பில் வினவினால், இருபது மீற்றர், முப்பது மீற்றர் என்றே மாணவர் விடை கூறுவர். பல நூறு மீற்றர் வேண்டும் என்றால் நம்பமாட்டார். காவலற்ற கடவைகளில் நேர்ந்த மரணங்களைத் தொடர்ந்து சொற்ப நாட்கூலிக்கு அமர்த்தப்பட்ட கடவைக் காப்பாளர், வெயிலிலும் மழையிலும் நின்று, நிரந்தர நியமனம் கேட்டுப் பலமுறை போராட நேர்ந்தது. ஒரு கூட்டத்தின் உயிரை ஒருவர் கையில் ஒப்படைத்துவிட்டு, அவர் கூலியில் மிச்சம் பிடிப்பது என்ன கணக்கோ நாமறியோம்.

அமெரிக்க ஐக்கிய நாட்டில் கடவைதோறும் நீல நிறப் பலகை ஒன்று உண்டு. அதில் ஒரு தொலைபேசி இலக்கமும் அந்தக் கடவையின் இலக்கமும் பொறிக்கப்பட்டிருக்கும். மாட்டுவண்டியோ லொறியோ தண்டவாளத்தில் அகப்பட்டுக்கொண்டால், வழிப்போக்கன் எவனும் அந்தத் தொலைபேசி இலக்கத்தை அழைத்துக் கடவையின் இலக்கத்தைச் சொன்னால் போதும். வரும் வண்டிக்குச் செய்தி போகும். வவுனியாவிலிருந்து காங்கேசன்துறை வரையுள்ள கடவைகளுக்கு மும்மொழியிலும் இத்தகைய பலகை நாட்டுவதற்குப் பெருந்தொகை வேண்டியதில்லை. தகடும் மையும் போதும். பலகை எழுதுமுன், அந்த இலக்கத்தை நள்ளிரவிலும் எடுப்பவர் யார், அவருக்கு வண்டியை நிறுத்தும் அதிகாரம் உண்டா என்பதைத் திணைக்களம் தீர்மானித்து வைத்தல் வேண்டும்.