நாமே செய்வோம் சுருதிப் பெட்டி

பாட்டுக் கச்சேரிக்குப் போனவர்கள் கவனித்திருப்பீர்கள். பாடகர் வாயைத் திறப்பதற்கு முன்பே மேடையில் ஓர் ஒலி நிரம்பியிருக்கும். தம்பூராவின் ஒலி அது. ஷட்ஜம், பஞ்சமம், மேல் ஷட்ஜம் ஆகியவை திரும்பத் திரும்ப ஒலித்துக்கொண்டேயிருக்கும். பாடுபவர் எவ்வளவு தூரம் சுற்றி வந்தாலும் கடைசியில் அங்கேதான் வந்து சேர வேண்டும். தம்பூரா வாங்க வசதியில்லாத வீடுகளில் அந்த வேலையை ஒரு சிறு மின்னணுப் பெட்டி செய்கிறது. பொறியாளரும் புல்லாங்குழல் கலைஞருமான ஜி. ராஜ் நாராயண் 1979-இல் பெங்களூரில் மின்னணுத் தம்பூராவை உருவாக்கியபின் இத்தகைய பெட்டிகள் நாடெங்கும் பரவின.

அந்தப் பெட்டியை நாமே செய்ய முடியுமா? முடியும். நான்கு ஐ.சி.க்கள், ஒரு 9 வோல்ட் பாட்டரி, சில்லறைச் சாமான்கள் போதும். ஆனால் முதல் தடவை நான் செய்தது உருப்படவில்லை. அது ஏன் உருப்படவில்லை என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

மூன்று சுரம் வேண்டும், ஆகவே மூன்று அலையியற்றிகள் என்று நினைத்தேன். எல்லாரும் செய்வதுபோல 555 என்னும் டைமர் ஐ.சி. மூன்றை வாங்கினேன். ஹான்ஸ் காமென்சிண்ட் என்ற பொறியாளர் 1971-இல் வடிவமைத்த இந்த ஐ.சி. 1972-இல் விற்பனைக்கு வந்தது. இன்றும் ஒரு தேநீர் விலைக்குக் கிடைக்கிறது. மூன்றையும் தனித்தனியே சுருதி சேர்த்தேன். இரவில் அமிர்தமாக இருந்தது. மறுநாள் காலை, சன்னலோரத்தில் வெயிலில் இருந்த பெட்டியை வைத்துக்கொண்டு அக்கா வர்ணம் பாட உட்கார்ந்தாள். இரண்டு வரி பாடியதும் நிறுத்திவிட்டு, "பஞ்சமம் அலையுதுடா! இதோடு பாடினால் என் சுருதியும் கெட்டுவிடும்" என்றாள்.

அவள் சொன்னது சரியே. தவறான சுருதிப் பெட்டி இல்லாமலிருப்பதைவிடக் கெடுதல். காது அதற்கே பழகிவிடும்.

விம்மல்கள் என்ன சொல்கின்றன?

"அலைகிறது" என்று அவள் சொன்னதைப் பௌதிகப் பாடத்தில் விம்மல்கள் என்று படித்திருப்பீர்கள். ஏறத்தாழச் சமமான இரு அதிர்வெண்கள் சேர்ந்து ஒலித்தால், ஒலி பெருத்தும் சிறுத்தும் வரும். ஒரு வினாடியில் எத்தனை முறை பெருக்கிறதோ அதுவே இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்.

ஷட்ஜமும் பஞ்சமமும் சம அதிர்வெண்கள் அல்லவே, அங்கே விம்மல் எப்படி வரும் என்று கேட்பீர்கள். ஷட்ஜம் 200 ஹெர்ட்ஸ் என்று கொள்வோம். சுத்தமான பஞ்சமம் அதைப்போல் ஒன்றரை மடங்கு, அதாவது 300. எந்த வாத்தியச் சுரத்திலும் அடிப்படை அதிர்வெண்ணோடு அதன் மடங்குகளும் கலந்தே வரும். ஷட்ஜத்தின் மும்மடங்கு 600. பஞ்சமத்தின் இருமடங்கும் 600. இரண்டும் ஒரே இடத்தில் விழுவதால்தான் அவை ஒன்றோடொன்று இழைகின்றன. பஞ்சமம் வெயில் பட்டு நூற்றில் ஒரு பங்கு ஏறி 303 ஆனால், இருமடங்கு 606 ஆகிவிடும். வினாடிக்கு 6 விம்மல்! அக்காவின் காது அதைத்தான் பிடித்தது.

குற்றவாளி, நான் மலிவாக வாங்கிய வில்லை வடிவப் பீங்கான் மின்தேக்கிகள். வெப்பம் மாறினால் அவற்றின் மதிப்பும் மாறும். மூன்றும் ஒரே அளவில் மாறுவதுமில்லை. நல்ல மின்தேக்கி போட்டால் குறை தணியும். ஆனால் தனித்தனியே ஓடும் மூன்று கடிகாரங்கள் என்றைக்கும் ஒரே மணி காட்டாது.

ஒரே துடிப்பு, மூன்று சுரம்

அப்படியானால் ஒரே கடிகாரம் வைத்துக்கொண்டால் என்ன? மின்னணு ஆர்கன் செய்தவர்கள் பல ஆண்டுகளுக்கு முன்பே கையாண்ட வழி இது. வேகமான ஒரே துடிப்பை உண்டாக்கி, அதை எண்ணி எண்ணிப் பிரித்து எல்லாச் சுரங்களையும் எடுத்தார்கள்.

நம் கணக்கு அதைவிட எளிது. ஷட்ஜம், பஞ்சமம், மேல் ஷட்ஜம் இவற்றின் விகிதம் 2 : 3 : 4. மூலத் துடிப்பில் 12-க்கு ஒன்று எடுத்தால் ஷட்ஜம், 8-க்கு ஒன்று எடுத்தால் பஞ்சமம், 6-க்கு ஒன்று எடுத்தால் மேல் ஷட்ஜம் என்று வைத்துக்கொள்வோம். 24 துடிப்புகள் கடக்கும் நேரத்தில் முதலாவதில் 2 அலை, இரண்டாவதில் 3, மூன்றாவதில் 4. விகிதம் துல்லியமாக வந்துவிட்டது. வெயிலடித்தாலும் மழை பெய்தாலும் மூலத் துடிப்பு மாறலாம், விகிதம் மாறாது. மூன்றும் சேர்ந்து ஏறும், சேர்ந்து இறங்கும். எண்ணுவதில் வெப்பத்துக்கு வேலையில்லை அல்லவா?

செய்முறை

வேண்டியவை: 555 ஒன்று, 4017 ஒன்று, 4040 இரண்டு. பின்னவை சி-மாஸ் வகை எண்ணிகள். சென்னை ரிச்சி தெருவிலும் மற்ற ஊர்களின் ரேடியோ சாமான் கடைகளிலும் கிடைக்கும். முதலில் ப்ரெட் போர்டில் செருகிப் பார்த்துவிட்டுப் பிறகு சால்டரிங் செய்யுங்கள். சி-மாஸ் ஐ.சி.யின் கால்களைத் தேவையில்லாமல் தொடாதீர்கள். உலர்ந்த நாளில் உடலில் சேரும் நிலைமின்சாரமே அதைக் கெடுத்துவிடும். வீட்டு மின்சாரத்தை இதில் எங்கும் கொண்டுவர வேண்டாம், பாட்டரி மட்டுமே.

முதலில் 555. கால் 1 நெகடிவுக்கு; 8, 4 இரண்டும் பாசிடிவுக்கு. பாசிடிவிலிருந்து கால் 7-க்கு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர். கால் 7-இலிருந்து கால் 6-க்கு 22 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றும் 22 கிலோ ஓம் வால்யூம் கன்ட்ரோல் ஒன்றும் தொடராக. கால் 6-ஐயும் 2-ஐயும் சேர்த்து, அங்கிருந்து நெகடிவுக்கு 0.01 மைக்ரோஃபாரட் மின்தேக்கி. இது பாலியெஸ்டர் வகையாக இருக்கட்டும். கால் 5-இலிருந்து நெகடிவுக்கு இன்னொரு 0.01, அது எந்த வகையானாலும் சரி. கால் 3-இல் துடிப்பு வெளிவரும்.

இதன் அதிர்வெண்ணைக் கணக்கிடலாம். ரெசிஸ்டர்களில் முதலாவதோடு இரண்டாவதன் இருமடங்கைக் கூட்டி, மின்தேக்கியின் மதிப்பால் பெருக்கி, அதனால் 1.44-ஐ வகுக்க வேண்டும். திருகியை ஒரு கோடியில் வைத்தால் 10 + 44 = 54 கிலோ ஓம்; விடை சுமார் 2,667 ஹெர்ட்ஸ். மறு கோடியில் 10 + 88 = 98 கிலோ ஓம்; சுமார் 1,469. இவற்றை 12-ஆல் வகுத்தால் 222, 122. ஒரு கட்டைச் சுருதி சுமார் 131 ஹெர்ட்ஸ், ஆறு கட்டை 220. ஆக, ஆண் குரலுக்கும் பெண் குரலுக்கும் ஒரே திருகி! கடையில் வாங்கும் மின்தேக்கி பத்து சதவீதம் முன்பின் இருக்கலாம். அப்போது 22 கிலோ ஓமைச் சற்று மாற்றிக்கொள்ளுங்கள். இன்னொரு வசதி: மின்தேக்கியின் மின்னழுத்தம் பாட்டரியின் மூன்றில் ஒரு பங்குக்கும் மூன்றில் இரு பங்குக்கும் இடையே ஏறி இறங்குகிறது. இரண்டு எல்லைகளும் பாட்டரியோடு சேர்ந்தே குறைவதால், பாட்டரி தளர்ந்தாலும் சுருதி அதிகம் இறங்காது.

அடுத்து முதல் 4040. கால் 16 பாசிடிவ். 8, 11 நெகடிவ். 555-இன் துடிப்பைக் கால் 10-இல் கொடுங்கள். கால் 6-இல் எட்டில் ஒரு பங்கு வரும். அதுதான் பஞ்சமம்.

4017-க்கு வருவோம். கால் 16 பாசிடிவ். 8, 13 நெகடிவ். அதே துடிப்பு கால் 14-இல். கால் 7-ஐயும் 15-ஐயும் ஒரு கம்பியால் இணையுங்கள். பத்துவரை எண்ண வேண்டிய இந்த ஐ.சி., இப்போது மூன்றாவது துடிப்பிலேயே மீண்டும் தொடக்கத்துக்குத் திரும்பிவிடும். கால் 3-இல் மூன்றில் ஒரு பங்கு கிடைக்கும். அதை இரண்டாவது 4040-இன் கால் 10-க்குக் கொடுங்கள். அதன் மற்ற இணைப்புகள் முன்போலவே. கால் 9-இல் மேல் ஷட்ஜம், கால் 7-இல் ஷட்ஜம்.

ஷட்ஜத்துக்கும் பஞ்சமத்துக்கும் 47 கிலோ ஓம், மேல் ஷட்ஜத்துக்கு 100 கிலோ ஓம் என ரெசிஸ்டர்களைப் போட்டு மறுமுனைகளை ஒன்றுசேருங்கள். அந்தச் சந்திப்பிலிருந்து நெகடிவுக்கு 1 கிலோ ஓமும், அதற்குப் பக்கத்திலேயே 0.1 மைக்ரோஃபாரட்டும். 1 மைக்ரோஃபாரட் வழியாக வெளியே எடுத்தால் சுமார் அரை வோல்ட் கிடைக்கும். இதைக் கணிப்பொறிக்கு வைக்கும் சிறு ஒலிபெருக்கிப் பெட்டிக்குக் கொடுக்கலாம். பாட்டரியின் இரு முனைகளுக்கிடையே 100 மைக்ரோஃபாரட் ஒன்று போட மறக்காதீர்கள். 555 ஒவ்வொரு முறை மாறும்போதும் பாட்டரியிலிருந்து திடீரென்று ஒரு மிடறு மின்னோட்டத்தை இழுக்கும்; அது மற்ற ஐ.சி.க்களை எண்ணிக்கை தவறச் செய்யும். நான் இதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தேன்.

மேல் ஷட்ஜத்துக்கு மட்டும் ஏன் இருமடங்கு ரெசிஸ்டர்? சதுர அலையில் 1, 3, 5, 7 என்று ஒற்றைப்படை மடங்குகளே உண்டு. அதனால் அது உள்ளீடற்ற குழாயில் ஊதுவதுபோல் ஒலிக்கும். அதோடு அதன் இருமடங்கு அதிர்வெண்ணுள்ள சதுர அலையைப் பாதி வலிமையில் கூட்டினால், அலை 0, 1, 2, 3 என்று படிப்படியாக ஏறி ஒரேயடியாக இறங்கும் மாடிப்படி வடிவம் பெறுகிறது. இரட்டைப்படை மடங்குகளும் சில வந்து சேர்கின்றன. ஒலி தந்திக்குச் சற்றே நெருங்குகிறது.

சற்றே என்றுதான் சொன்னேன். தம்பூராவின் ஒலியை இந்தப் பெட்டி எட்டிப் பிடிக்காது. ஒரு தந்தியை எந்த இடத்தில் மீட்டுகிறோமோ, அந்த இடத்தில் அசையாப் புள்ளி உடைய மேற்சுரங்கள் எழக் கூடாது என்பது பழைய விதி. தம்பூராவும் வீணையும் இந்த விதிக்கு அடங்குவதில்லை என்று சர் சி. வி. ராமன் 1921-இல் எழுதினார். வளைந்த குதிரையின்மேல் தந்தி தொட்டுத் தொட்டு விலகுவதுதான் காரணம். நான்கு ஐ.சி.யில் அந்த வளைவு ஏது?

கணிப்பொறி சோதிக்கட்டும்

பெட்டி சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு மென்பொருள் வேண்டும். எதைத் தேர்ந்தெடுப்பது? விளம்பரங்களில் நூற்றுக்கணக்கான வாத்தியங்களின் பெயர்ப் பட்டியல் இருக்கும். அதைப் பார்த்து மயங்க வேண்டாம். நான் ஒரே கேள்விதான் கேட்பேன்: அதிர்வெண்ணை எண்ணாகவே எழுதிக் கொடுக்க விடுமா?

காரணம் உண்டு. பெரும்பாலான இசை மென்பொருள்கள் பியானோவின் சுரவரிசையை அப்படியே எடுத்துக்கொண்டவை. ஓர் ஆவர்த்தத்தைப் பன்னிரண்டு சம விகிதங்களாகப் பங்கிட்டது அந்த வரிசை. 200 ஹெர்ட்ஸ் ஷட்ஜத்துக்கு அதில் பஞ்சமம் 299.66; சுத்தப் பஞ்சமத்துக்கு மயிரிழைதான் குறைவு. ஆனால் அந்தர காந்தாரம் 252 ஆகிவிடுகிறது. சுத்தமான காந்தாரம் 250. ஷட்ஜத்தின் ஐந்து மடங்கு 1,000. 252-இன் நான்கு மடங்கு 1,008. வினாடிக்கு 8 விம்மல். பியானோவில் இதைப் பொறுத்துக்கொள்ளப் பழகிவிட்டார்கள். தம்பூராவோடு பாடுகிறவர்களுக்குப் பொறுக்காது.

முதலில் ஆடாசிட்டியைப் பயன்படுத்துங்கள். ரோஜர் டானன்பெர்க், டாமினிக் மசோனி இருவரும் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய இது 2000-ஆம் ஆண்டில் வெளியானது. விலையில்லை. பெட்டியின் ஒலியை மைக்கில் பதிவுசெய்து, எந்தெந்த அதிர்வெண் எவ்வளவு இருக்கிறது என்று வரைபடமாகப் பார்க்கலாம். 200, 300 என்று இரு தொனிகளை அதிலேயே உண்டாக்கிச் சேர்த்துக் கேட்கலாம். சதுர அலையாகவும் ரம்ப அலையாகவும் மாற்றிக் கேட்கலாம். ரம்ப அலையில் பஞ்சமத்தை 301 ஆக்கினால், அக்கா கேட்ட அலைச்சல் உங்கள் காதிலும் விழும்.

அலையியற்றிகளைப் படக் கட்டங்களாக வைத்துக் கோடிழுத்து இணைக்க ஆசையா? மில்லர் பக்கெட் உருவாக்கிய பியூர் டேட்டா இருக்கிறது, அதுவும் இலவசம்தான். பழகக் கொஞ்சம் பொறுமை வேண்டும். நிரல் எழுதுகிறவர்களுக்கு சாம் ஆரன் செய்த சோனிக் பை பிடிக்கும். அதில் சுரங்களுக்கு எண்கள் உண்டு. ஷட்ஜத்தை 60 என்று வைத்தால் பியானோப் பஞ்சமம் 67. ஆனால் 67.02 என்று தசமத்தில் எழுதினாலும் அது ஏற்கும். சுத்தப் பஞ்சமம் வந்துவிடும். பணம் கொடுத்து வாங்கும் மென்பொருள்கள் பற்றி நான் எழுதப்போவதில்லை. பள்ளிப் பருவத்தில் அவை தேவைப்படும் ஒரு வேலையையும் நான் பார்க்கவில்லை.

பெட்டி ஓடத் தொடங்கியபின் இன்னொன்று செய்து பாருங்கள். இந்துஸ்தானி இசையில் மால்கௌன்ஸ் ராகத்தில் பஞ்சமமே கிடையாது. நம் ஹிந்தோளம் போல. அதைப் பாடும்போது தம்பூராவின் பஞ்சமத் தந்தியை மத்யமத்துக்கு இறக்குவார்கள். சுத்த மத்யமம் ஷட்ஜத்தைப்போல் மூன்றில் நான்கு மடங்கு. அதாவது மூலத் துடிப்பில் ஒன்பதில் ஒன்று. இன்னொரு 4017 வாங்கி, கால் 14-இல் 555-இன் துடிப்பைக் கொடுத்து, கால் 11-ஐயும் 15-ஐயும் இணைத்து, கால் 12-இலிருந்து ஒலியை எடுங்கள். 16, 8, 13 முன்போலவே. பஞ்சமத்துக்கும் மத்யமத்துக்கும் இடையே ஒரு சிறு ஸ்விட்ச் போதும்.