திறந்தவெளி ஒதுக்கீடு

திறந்தவெளி ஒதுக்கீடு என்பது, பெரிய நிலப்பரப்பொன்று மனைகளாகப் பிரிக்கப்படும்போது அதன் ஒரு பகுதியைப் பூங்கா, விளையாட்டுத்திடல் போன்ற பொதுப் பயன்பாட்டுக்கென ஒதுக்கி, பதிவு செய்யப்பட்ட தானப் பத்திரம் மூலம் பொது அமைப்பிடம் ஒப்படைக்கும் நகரத் திட்டமிடல் விதியாகும். சென்னைப் பெருநகரப் பகுதியில் இவ்விதியைச் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சி.எம்.டி.ஏ.) திட்ட அனுமதி வழங்கும்போது செயல்படுத்துகிறது. விதி ஒன்றாயினும் அதன் பயன் எல்லா ஊர்களிலும் ஒன்றாக அமைவதில்லை. தாம்பரத்தை அடுத்த சேலையூரின் நிருவாகச் சூழல் இதனை விளங்கிக்கொள்ள உதவும்.

விதிகள்

2008இல் நடைமுறைக்கு வந்த இரண்டாம் முழுமைத் திட்டத்தின் விதிகளிலும், 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளிலும் மூன்று படிநிலைகள் உள்ளன.

* 3,000 சதுர மீட்டர் வரை: ஒதுக்கீடு தேவையில்லை.
* 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை: சாலைகள் நீங்கலான பரப்பில் 10 விழுக்காடு நிலம். நிலம் தர இயலாதபோது வழிகாட்டி மதிப்பின்படி தொகை செலுத்தலாம்.
* 10,000 சதுர மீட்டருக்கு மேல்: 10 விழுக்காடு நிலமாகவே தரப்பட வேண்டும்.

இவ்விதி செல்லும் என உச்ச நீதிமன்றம் 2023 பெப்ரவரியில் தீர்ப்பளித்தது.

அளவும் விளைவும்

எடுத்துக்காட்டாக, மூன்று ஏக்கர் (ஏறத்தாழ 12,140 சதுர மீட்டர்) நிலத்தில் கால் பங்கு சாலைகளுக்குப் போனால், எஞ்சியதில் 10 விழுக்காடு ஏறத்தாழ 910 சதுர மீட்டர், அதாவது நான்கு கிரவுண்டு ஆகும். அதே பரப்பு, ஒவ்வொன்றும் 3,000 சதுர மீட்டருக்குட்பட்ட ஐந்து தனித்தனி மனைப்பிரிவுகளாக வெவ்வேறு காலங்களில் விற்கப்பட்டால் பொதுவுக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை. இரண்டிலும் குடியேறுவோர் தொகை ஏறக்குறைய ஒன்றே.

நடுவண் அரசின் 2014ஆம் ஆண்டு நகரத் திட்டமிடல் வழிகாட்டி, 5,000 பேருக்கு அரை எக்டேர் (5,000 சதுர மீட்டர்) பூங்கா ஒன்றைப் பரிந்துரைக்கிறது. சிதறிக் கிடக்கும் சிறு துண்டுகள் கூட்டுத்தொகையில் இவ்வளவை எட்டினாலும், ஒரு விளையாட்டுத்திடலாக ஒன்றுசேர்வதில்லை.

சேலையூரும் சுற்றுப்புறமும்

2021 வரை வேளச்சேரி–தாம்பரம் சாலையிலுள்ள சேலையூர், தாம்பரம் நகராட்சியைச் சேர்ந்திருந்தது. அச்சாலையில் கிழக்கே செல்கையில் இராஜகீழ்ப்பாக்கமும் செம்பாக்கமும் செம்பாக்கம் நகராட்சியிலும், அவற்றுக்கு அப்பால் வேங்கைவாசலும் மேடவாக்கமும் ஊராட்சிகளாகவும் இருந்தன. தெற்கே மாடம்பாக்கம் ஒரு பேரூராட்சி. சில கிலோமீட்டருக்குள் மூவகை உள்ளாட்சி அமைப்புகள் இருந்தன.

நிலத்தைப் பெற்றுத் தருவது திட்ட விதி. அதற்கு வேலியிட்டு, விளக்கும் தண்ணீரும் அமைத்துப் பராமரிப்பது உள்ளாட்சியின் பொறுப்பு. எனவே ஒரே விதிப்படி பெறப்பட்ட இரு நிலங்களுள் ஒன்று பூங்காவாகவும், மற்றொன்று முட்புதராகவும் ஆகக்கூடும். வேலியில்லாத இடம் ஆக்கிரமிப்புக்கும் எளிதில் உள்ளாகும்.

2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் இணைக்கப்பட்டுத் தாம்பரம் மாநகராட்சி உருவாக்கப்பட்டது. சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம் ஆகியவை இதனால் ஒரே நிருவாகத்தின்கீழ் வந்தன. வேங்கைவாசலும் மேடவாக்கமும் இந்த இணைப்பில் சேர்க்கப்படவில்லை. பத்து அமைப்புகள் தனித்தனியே பெற்ற நிலங்களை ஒரே பட்டியலில் கொணர்ந்து, ஒரே அளவுகோலில் பராமரிக்கும் வாய்ப்பு இவ்விணைப்பால் ஏற்பட்டது.

பாதுகாப்பு

பூங்காவுக்கென ஒதுக்கப்பட்ட இடத்தை வேறு பயனுக்கு மாற்றுவது குறித்து உச்ச நீதிமன்றம் 1991இல் பெங்களூர் மருத்துவ அறக்கட்டளை வழக்கில் தீர்ப்பளித்தது. பூங்கா நிலத்தைத் தனியார் மருத்துவமனைக்கு ஒதுக்கியது செல்லாது என்பதே அத்தீர்ப்பு. அவ்வழக்கைத் தொடுத்தோர் அப்பகுதியில் வசித்தவர்களே. மனைகள் விற்று வீடுகள் எழும்பிய பின் புதிய திறந்தவெளி கிடைப்பது மிக அரிது. ஆதலால் தானப் பத்திரமும், அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவு வரைபடமும் குடியிருப்போருக்கு முதன்மையான சான்றுகளாகும்.