கோணேசர் மலையிலிருந்து நீலத் திமிங்கிலம் பார்க்கலாம், தெரியுமா?

உலகில் இதுவரை வாழ்ந்த உயிர்களிலேயே எடை கூடியது எது? டைனோசர் என்றால் மார்க் கிடையாது! நீலத் திமிங்கிலம்தான். அதைப் பார்க்க அண்டார்க்டிகா வரை போக வேண்டாம், திருகோணமலையில் விடிகாலை படகேறினால் மதியச் சோற்றுக்குக் கரை திரும்பிவிடலாம் என்பது தெரியுமா? சில நாள் படகும் வேண்டாம். கோணேசரைக் கும்பிட்டுவிட்டு, கோயில் நிற்கும் சுவாமி மலை விளிம்பில் நின்று கடலைப் பொறுமையாகப் பார்த்தவர்கள், தூரத்தில் வெள்ளையாக ஒரு தூண் எழும்பிக் கலைவதைக் கண்டிருக்கிறார்கள். அது திமிங்கிலம் விட்ட மூச்சு! சம்பந்தர் பாடிய தலத்தில் நின்றபடி நீலத் திமிங்கிலம் பார்க்கும் கொடுப்பினை உலகில் வேறு எந்தக் கோயிலுக்கு உண்டு?

இவ்வளவு பெரிய உருவம் கரைக்கு இவ்வளவு பக்கத்தில் வருவது எப்படி? எல்லாம் அடியில் இருக்கும் பள்ளத்தின் வேலை. இலங்கையின் மிக நீளமான ஆறான மகாவலி, திருகோணமலையை ஒட்டிய கொட்டியாரக் குடாவில் கடலைச் சேர்கிறது. அந்தக் குடாவிலேயே ஒரு கடலடிப் பள்ளத்தாக்கு தொடங்கி, ஆயிரம் மீட்டருக்கும் கீழே இறங்கிப் போகிறது. மேலே பார்த்தால் பிள்ளைகள் கால் நனைக்கிற சாதுவான கடல். கொஞ்சம் தள்ளிப் போனால் படகுக்குக் கீழே தரையே இல்லை என்று சொல்லுமளவு ஆழம்!

‘பருத்தித்துறை முதல் தெய்வேந்திரமுனை வரை’ என்று இலங்கையின் நீளத்தைச் சொல்வார்களே, அந்தத் தெய்வேந்திரமுனைக்குப் பக்கத்தில்தான் மிரிசா இருக்கிறது. திமிங்கிலப் படகுகளுக்குப் பேர்போன இன்னொரு ஊர். இரண்டு ஊருக்கும் சீசன் நேரெதிர் என்பது தெரியுமா? வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில் கிழக்குக் கடல் கொந்தளிக்கும், தெற்கு அமைதி. அதனால் நவம்பர் முதல் ஏப்ரல் வரை மிரிசா. சோழகம் தொடங்கினால் தெற்கில் அலை, கிழக்கு குளம்போல் கிடக்கும். அதனால் மார்ச், ஏப்ரல் தொடங்கி ஆகஸ்ட் வரை திருகோணமலை. பள்ளி விடுமுறைக்கு எது பொருந்துகிறதோ அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் திருகோணமலைதான். மிரிசாவில் இரண்டு தட்டுப் பெரிய படகு, கையில் காலை உணவுப் பொட்டலம், கூட்டம். திருகோணமலைப் பக்கம் நிலாவெளியிலும் உப்புவெளியிலும் ஏழெட்டுப் பேர் ஏறும் ஃபைபர் படகு. கடல் கைக்கெட்டும் உயரத்தில் இருக்கும்.

இங்கே திமிங்கிலம் தேடுவது நேற்று முளைத்த பழக்கம் அல்ல என்பதும் தெரியுமா? 1980களின் தொடக்கத்திலேயே ‘டியூலிப்’ என்ற பாய்மரப் படகில் ஹால் வைட்ஹெட் என்ற ஆய்வாளரின் குழு திருகோணமலைக் கடலில் திமிங்கிலம் தேடி அலைந்தது. 1984இல் இங்கே ஒலிப்பதிவுக் கருவியை நீருக்குள் இறக்கியபோது, மற்றக் கடல்களின் நீலத் திமிங்கிலங்கள் பாடாத தனி மெட்டு ஒன்று சிக்கியது! ஆமாம், நீலத் திமிங்கிலங்களுக்கு வட்டாரப் பாட்டு உண்டு. அதில் பெரும்பகுதி நம் காதுக்கு எட்டாத அளவு தாழ்ந்த சுருதி. படகுக்கு அடியில் கச்சேரியே நடந்தாலும் மேலே பிஸ்கட் தின்றுகொண்டிருப்பவருக்கு ஒன்றும் கேட்காது. பிறகு உள்நாட்டுப் போர் முற்றியது, திருகோணமலைக் கடல் பயணிகளுக்கு மூடிக்கொண்டது. 2009க்குப் பிறகுதான் படகுகள் மறுபடி திமிங்கிலம் தேடிப் புறப்பட்டன.

சரி, படகில் உட்கார்ந்தாயிற்று. எதைப் பார்ப்பது? கடல் முழுவதும் கண்ணை ஓட்டாதீர்கள், அடிவானத்தைப் பாருங்கள். நீலத் திமிங்கிலத்தின் மூச்சு நேராக, ஒல்லியாக, 9 மீட்டர் வரை மேலே எழும். தாழ்வாக, முன்பக்கமும் இடப்பக்கமும் சாய்ந்து பீறிட்டால்? அது ஸ்பெர்ம் திமிங்கிலம்! அதற்கு மூச்சுத்துளை ஒன்றே ஒன்று, அதுவும் தலையின் இடது ஓரத்தில். நீலத் திமிங்கிலத்துக்கு நம்மைப் போல இரண்டு. ஒரு கிலோமீட்டர் தொலைவிலிருந்தே மூச்சை வைத்துப் பெயர் சொல்லிவிடலாம். படகோட்டும் அண்ணைமார் அப்படித்தான் சொல்கிறார்கள்.

“அண்ணை, எங்க? ஒண்டையும் காணேல்லையே!”

“அங்கால பாரும் தம்பி, தண்ணி நிறம் மாறுது.”

அந்த நிறம் மாறுவதைத் தவற விடாதீர்கள். மேலே வருவதற்கு முன் திமிங்கிலம் நீருக்கடியில் பளிச்சென்ற வெளிர்நீலப் பட்டையாகத் தெரியும். முதலில் புஸ்ஸென்று மூச்சு, ஊதுலையைத் திறந்த மாதிரி. காற்று உங்கள் பக்கம் வீசினால் அழுகல் மீன் வாடையும் சேர்ந்து வரும், மூக்கைப் பொத்திக்கொள்ளலாம்! அடுத்து முதுகு உருளத் தொடங்கும். உருளும், உருளும், இன்னும் உருளும்... முடிந்தது என்று நினைக்கும்போதுதான் முதுகின் கடைசியில், இவ்வளவு பெரிய உடம்புக்குக் கொஞ்சமும் ஒட்டாத ஒரு குட்டித் துடுப்பு எட்டிப் பார்க்கும். சில மூச்சுகளுக்குப் பிறகு வால் மெல்ல மேலே எழுந்து, நீர் வழிய, சத்தமே இல்லாமல் கீழே போகும். இலங்கைக் கடலின் நீலத் திமிங்கிலங்கள் இப்படி அடிக்கடி வால் தூக்குகின்றன. ஒவ்வொரு வாலிலும் வெட்டும் வடுவும் வேறுவேறு என்பதால் ஆய்வாளர்கள் வால் படத்தை வைத்தே ஆளை அடையாளம் காண்கிறார்கள். உங்கள் போனில் பதியும் படத்துக்கும் மதிப்பு உண்டு!

வால் மறைந்ததும் எல்லோரும் கேமராவைத் தாழ்த்திவிடுவார்கள். தாழ்த்தாதீர்கள். அது முழுகிய இடத்தில் எண்ணெய் ஊற்றியதுபோல் வழுவழுவென்று ஒரு வட்டம் தெரியும். சுற்றிலும் சிற்றலை ஆடிக்கொண்டிருக்க, அந்த வட்டத்துக்குள் மட்டும் அலையே இருக்காது! வால் கீழ்நோக்கி அடித்த அடியில் எழுந்த நீரோட்டம் அது. இனிப் பத்து, பதினைந்து நிமிடம் காத்திருப்பு. நல்ல படகோட்டி எஞ்சினை அணைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்ப்பார்.

அந்த நேரத்தில் பிள்ளைகளுக்கு ஒரு ‘சீச்சீ’ சமாச்சாரம் சொல்லலாம். 2003இல் இலங்கைப் பெண்ணான ஆஷா டி வோஸ், ஓர் ஆய்வுக்கப்பலில் இருந்தபோது இலங்கைக்கு அருகே ஆறு நீலத் திமிங்கிலங்கள் கூடியிருப்பதைக் கண்டார். நடுவில் செக்கச் சிவப்பாக ஏதோ மிதந்தது. என்ன தெரியுமா? திமிங்கில மலம்! மற்றவர்கள் முகம் சுளிக்கலாம், அவர் யோசித்தார். நீலத் திமிங்கிலங்கள் குளிர்கடலில் தின்னும், வெப்பக் கடலுக்குக் குட்டி போட வரும் என்றுதானே பாடப்புத்தகம் சொல்கிறது? இங்கே மலம் இருக்கிறதென்றால் இங்கேயே தின்கிறது என்றுதானே அர்த்தம்? அந்த ஒரு கேள்வியிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய அறிவு: இலங்கைக் கடலை ஒட்டி வாழும் இந்தக் கூட்டம் துருவத்துக்குப் போவதே இல்லை. வெதுவெதுப்பான இந்தக் கடலிலேயே தின்று, இங்கேயே பெற்று, இங்கேயே வளர்க்கிறது. கடல் பாலூட்டிகள் ஆய்வில் முனைவர் பட்டம் பெற்ற முதல் இலங்கையர் ஆனார் ஆஷா.

அவை தின்பது என்ன? மற்றக் கடல்களில் கிரில் என்ற சிறு கடலுயிர். இங்கே மலத்தை ஆராய்ந்து 2018இல் வெளியிட்ட விடை வேறு. நம் கூனி இறாலின் குடும்பத்தைச் சேர்ந்த குட்டி இறால்கள்! சம்பல் இடிக்க நாம் வாங்குகிற கூனியின் உறவுக்காரனைத் தின்றுதான் உலகின் மிகப் பெரிய உடம்பு வளர்கிறது. நம்ப முடிகிறதா?

“அப்பா, அது நம்மை விழுங்கிடுமா?” படகில் ஏதாவது ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும். விழுங்காது. வாய் ஒரு படகு நுழையும் அளவு திறக்கும், ஆனால் தொண்டை ஓர் ஆள் நுழைய முடியாத அளவு சிறியது. இதயம் மட்டும் ஏறத்தாழ 180 கிலோ! 2019இல் வெளியான ஆய்வில், கலிபோர்னியாவின் மான்டெரே குடாவில் ஒரு நீலத் திமிங்கிலத்தின் மேல் உறிஞ்சுக் கிண்ணத்தால் கருவியை ஒட்டி இதயத்துடிப்பை அளந்தார்கள். ஆழத்தில் இருக்கும்போது நிமிடத்துக்கு 2 துடிப்பு வரை இறங்கியது. இரண்டே இரண்டு! மேலே வந்து மூச்சு வாங்கும்போது முப்பதைத் தாண்டியது. குட்டியோ பிறக்கும்போதே ஏழு மீட்டர். தாய்ப்பால் குடித்து ஒரு நாளைக்கு 90 கிலோ வரை எடை கூடுகிறது. ‘என் பிள்ளை எடையே போடமாட்டேன் என்கிறான்’ என்று கவலைப்படும் அம்மாக்கள் இந்தப் பத்தியைப் படிக்காமல் விடுவது நல்லது.

மூச்சை இடப்பக்கம் சாய்த்து விடும் அந்த ஸ்பெர்ம் திமிங்கிலம் செங்குத்தாக நின்றபடி தூங்கும், தெரியுமா? தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களில் ‘திமிங்கில வாந்தி கடத்தியவர் கைது’ என்று அடிக்கடி வருகிறதே, அந்த அம்பர்கிரிஸ் இதன் குடலில் உருவாவது. இந்தியாவில் வைத்திருந்தாலே குற்றம். கடற்கரையில் கிடந்தாலும் வனத்துறைக்குச் சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள்.

எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடும் விஷயம் ஒன்று இருக்கிறது. திமிங்கிலங்களின் பூர்வீகம் நம் துணைக்கண்டம்! சுமார் ஐந்து கோடி ஆண்டுகளுக்கு முன் நான்கு காலில் நடந்த பாகிசீட்டஸ் பாகிஸ்தானில் கிடைத்தது. அதற்கு நெருங்கிய உறவான இண்டோஹையஸ், பூனை அளவுப் பிராணி, ஜம்முவின் காலாகோட்டில். அது கண்டுபிடிக்கப்பட்ட கதை சினிமா மாதிரி. ரங்கா ராவ் என்ற இந்தியப் புவியியலாளர் அங்கே பாறைகளைச் சேகரித்து வைத்துவிட்டு இறந்துபோனார். பல ஆண்டுகள் கழித்து அவர் மனைவி அவற்றை ஹான்ஸ் தெவிஸ்ஸன் என்ற ஆய்வாளரிடம் கொடுத்தார். சுத்தம் செய்கையில் உதவியாளர் தெரியாத்தனமாக ஒரு மண்டையோட்டை உடைத்துவிட, உள்ளே திமிங்கிலங்களுக்கே உரிய காதெலும்பு! 2007இல் உலகத்துக்கு அறிவித்தார்கள். இன்றைக்கும் திமிங்கிலத்தின் உடம்புக்குள் பயன்படாத பின்கால்களின் மிச்சமாகக் குட்டி இடுப்பெலும்பு இருக்கிறது.

டால்பின் எனப்படும் ஓங்கில்கள் வந்தால் போனஸ். இங்கே துள்ளும் சுழல் ஓங்கில் ஒரே தாவலில் ஏழு சுற்றுவரை சுற்றும். எண்ணிப் பார்க்கப் பிள்ளைகளிடம் பந்தயம் கட்டுங்கள்.

குடும்பத்தோடு போகிறவர்களின் பெரிய பயம் குமட்டல். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளை அது பெரும்பாலும் தொடுவதில்லை, அதற்கு மேல் பன்னிரண்டு வயது வரை உள்ளவர்களைத்தான் அதிகம் படுத்தும் என்பது தெரியுமா? வெட்கப்பட ஒன்றுமில்லை. இளம் வயதில் திருகோணமலைக்கு வந்துபோன பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனுக்கே கடல் சீறினால் வயிறு புரளுமாம்! மாத்திரை போடுவதானால் படகேறுவதற்கு அரைமணி நேரமாவது முன்பே. பிள்ளைகளுக்கு டாக்டரைக் கேட்டு. வெறும் வயிறும் ஆகாது, இடியப்பம் நிறைய அமுக்கியதும் ஆகாது. படகின் நடுவிலோ பின்பக்கமோ உட்காருங்கள், போனைக் குனிந்து பார்க்காதீர்கள். தொப்பி, தண்ணீர், மாற்றுச் சட்டை. லைஃப் ஜாக்கெட் பிள்ளையின் அளவுக்கு இருக்கிறதா என்று கரையிலேயே மாட்டிப் பாருங்கள். இல்லையென்றால் அந்தப் படகு வேண்டாம்.

இத்தனை பெரிய உயிருக்கு யாரிடம் பயம்? நம்மிடம்தான். 1979இல் இந்தியப் பெருங்கடல் திமிங்கிலச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதற்கு முன், 1960களில் சோவியத் கப்பல்கள் அரபிக்கடலிலும் இலங்கை அருகிலும் கள்ளத்தனமாக ஆயிரத்துக்கும் அதிகமான நீலத் திமிங்கிலங்களைக் கொன்றிருந்தன. இப்போதைய எமன் ஈட்டி இல்லை, சரக்குக் கப்பல். உலகின் நெரிசலான கப்பல் பாதைகளில் ஒன்று தெய்வேந்திரமுனைக்கு அருகே, திமிங்கிலங்கள் இரைதேடும் இடத்தின் ஊடாகவே போகிறது. மோதினால் கப்பலில் இருப்பவருக்குத் தெரியக்கூடத் தெரியாது. 2022இல் எம்எஸ்சி என்ற பெரிய கப்பல் நிறுவனம் தன் கப்பல்களைக் கொஞ்சம் தெற்கே தள்ளி ஓட்ட முன்வந்தது. நல்ல செய்தி. மற்றவர்களும் தள்ளிப் போக வேண்டும்.

தமிழ்நாட்டில் திமிங்கிலம் செய்தியில் வருவதே பெரும்பாலும் கரையொதுங்கினால்தான். 2016 ஜனவரியில் மணப்பாடு, குலசேகரன்பட்டினம் பக்கம் எண்பதுக்கும் மேற்பட்ட பைலட் திமிங்கிலங்கள் ஒதுங்கின. மீனவர்கள் கடலுக்குள் தள்ளிவிட்டும் பல திரும்பி வந்து செத்தன. 1973லும் அதே கரையில் அப்படி நடந்தது. உயிரோடு, மூச்சு விட்டு, வால் தூக்கி முழுகும் திமிங்கிலத்தை நம் பிள்ளைகள் ஒரு தடவையாவது பார்க்க வேண்டும்.

பார்க்கும்போது ஒன்று செய்யுங்கள். திமிங்கிலத்துக்கும் படகுக்கும் இடையே 100 மீட்டராவது விட வேண்டும் என்பது இலங்கையின் விதி. காசு கொடுத்தவர் கேட்பார் என்றுதான் படகோட்டி துரத்திக்கொண்டு போகிறார். ஏறும்போதே சொல்லிவிடுங்கள்: “அண்ணை, கிட்டப் போக வேண்டாம், முன்னால போய் மறிக்கவும் வேண்டாம். எஞ்சினை நிப்பாட்டிப்போட்டு நிண்டு பாப்பம்.”