இருபது டிகிரி என்பது யாருடைய அறை?

ஒரு நிலமீட்புக் கூட்டத்தில் எடுத்த ரோல் அது. மே மாதம். குளியலறையில் வாளியை வைத்து நானே கழுவினேன். டப்பாவோடு வந்த தாளில் போட்டிருந்த ஏழரை நிமிடத்தை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். தண்ணீரில் தெர்மாமீட்டரை விட்டுப் பார்க்கும் எண்ணம் ஃபிலிமைத் தொங்கவிட்ட பிறகுதான் வந்தது. 31 டிகிரி. நெகடிவில் மேடைக்காரர்களின் வெள்ளைச் சட்டைகள் தார் பூசினமாதிரி இருந்தன. விளக்கை நேராகப் பிடித்தாலும் ஊடுருவவில்லை. பந்தலின் ஓரத்தில் நின்றிருந்த பெண்கள் இருந்த இடம் வெறும் ஃபிலிம். நிலம் யாருடையதோ அவர்கள் இல்லை, அவர்களுக்காகப் பேசியவர்களின் சட்டை மட்டும் இருக்கிறது.

அன்றைக்கு அதை ஒரே தவறு என்று நினைத்தேன். இரண்டு தவறுகள். அவை வேறு வேறு இடத்தில் நடந்தவை என்று புரியக் கொஞ்ச நாளானது. இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

முதலில் அந்த 20 டிகிரி. ஃபிலிம் கழுவும் அட்டவணைகள் எல்லாமே 20 டிகிரியை மையமாக வைத்து எழுதப்பட்டவை. பழைய ஆங்கிலக் கையேடுகளில் இது 65 ஃபாரன்ஹீட், அதாவது 18 டிகிரிக்குச் சற்று மேலே. பிறகு 68 ஆனது. இதில் வேதியியல் கட்டாயம் எதுவும் இல்லை. குளிர்நாட்டில் சுடுதண்ணீரைக் கொஞ்சம் கலந்தால் எளிதில் வந்துவிடுகிற ஒரு சூடு, அவ்வளவுதான். அந்த அறையின் வசதி உலகத்தின் 'இயல்பு' ஆகிவிட்டது. நம் ஊரில் ஏப்ரல், மே மாதங்களில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து 20 டிகிரித் தண்ணீர் வேண்டுமென்றால் ஐஸ் கடைக்குத்தான் போகவேண்டும். இதைச் சதி என்று சொல்லவில்லை. சதி இல்லாமலேயே ஒரு மையம் தன்னை மையமாக நிறுவிக்கொள்ளும் விதத்துக்கு இது நல்ல உதாரணம்.

'இயல்பு' என்பதும் இப்படித்தான். ஃபிலிமில் விழும் ஒளிக்கும் அதில் உண்டாகும் கருமைக்கும் உள்ள உறவை வளைகோடாக வரைந்து 1890-இல் வெளியிட்டவர்கள் ஹர்ட்டர், ட்ரிஃபீல்டு என்ற இருவர். இங்கிலாந்தின் விட்னஸ் என்ற ஊரில், ரசாயன ஆலையில் வேலை பார்த்தவர்கள். இன்றுவரை நாம் அந்தக் கோட்டின் மேல்தான் நடக்கிறோம். கறுப்பு வெள்ளை ஃபிலிமின் வேகத்தை அளக்கும் சர்வதேசத் தரம் ஒரு நிபந்தனை போடுகிறது: நிழல் லேசாகப் பதியத் தொடங்கும் புள்ளியிலிருந்து ஒளி 20 மடங்கு கூடும்போது கருமை 0.8 அளவு கூடும்படி ஃபிலிமைக் கழுவியிருக்க வேண்டும். டப்பாமேல் அச்சிட்ட 400 என்ற எண் இந்த நிபந்தனைக்குள்தான் உண்மை. இல்ஃபோர்டு தரும் நேரங்களும் ஏறத்தாழ இதே சராசரி மாறுபாட்டை, 0.62-ஐ, இலக்காக வைத்தவை. சராசரியான காட்சி, சராசரியான பிரிண்ட் இரண்டுக்கும் அது பொருந்தும். சரி, நம்ம ஊர் உச்சிவெயில் சராசரியா? வெயிலில் வெள்ளை வேட்டி, புளியமரத்து நிழலில் கறுத்த முகம். இரண்டுக்கும் நடுவே ஆறு ஸ்டாப் வரை என் மீட்டர் காட்டியிருக்கிறது. 64 மடங்கு.

இனி அந்த இரண்டு தவறுகள். ஒளிபட்ட வெள்ளி உப்புத் துகளை உலோக வெள்ளியாக மாற்றுவது டெவலப்பரின் வேலை. நிழல் விழுந்த இடத்தில் ஒளிபட்ட துகள்கள் கொஞ்சம்தான். அவை சீக்கிரமே தீர்ந்துவிடுகின்றன. அதற்குப்பிறகு இன்னும் பத்து நிமிடம் வைத்திருந்தாலும் அங்கே பெரிதாக எதுவும் வராது, ஏனென்றால் வருவதற்கு எதுவுமில்லை. வெளிச்சம் விழுந்த இடத்தில் துகள்கள் ஏராளம். நேரம் கூடக்கூட அங்கே கருமை ஏறிக்கொண்டே போகும். ஆக, நிழலில் இருப்பவர் படத்தில் இருப்பாரா என்பது கேமராவின் பொத்தானை அமுக்கியபோதே முடிவாகிவிட்டது. வெள்ளைச் சட்டை சட்டையாகத் தெரியுமா, வெறும் வெளுப்பாகத் தெரியுமா என்பது வாளியில் முடிவாகிறது. என் பந்தல் படத்தில் மேடைக்கு மீட்டர் வைத்ததால் பெண்கள் போனார்கள். 31 டிகிரியால் சட்டைகள் போயின.

வண்ணப்பட லேபுகளில் தோல்நிறத்தைச் சரிபார்க்க வெள்ளைக்காரப் பெண்களின் படம் போட்ட அட்டைகள் பல காலம் பயன்பட்டதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். கறுப்பு வெள்ளையில் அப்படி அட்டை கிடையாது, ஆகவே பாரபட்சமும் கிடையாது என்று நினைத்துவிடக் கூடாது. இங்கே அது நிமிடக் கணக்குக்குள் ஒளிந்திருக்கிறது.

கணக்குக்கு வருவோம். கோடக் தன் ட்ரை-எக்ஸ் 400 ஃபிலிமுக்கு, நீர் கலக்காத டி-76-இல், 20 டிகிரிக்கு ஆறே முக்கால் நிமிடமும் 24 டிகிரிக்கு நாலே முக்கால் நிமிடமும் சொல்கிறது. நான்கு டிகிரிக்கு நேரம் ஏறத்தாழ பத்தில் ஏழு பங்காகக் குறைகிறது. இதே விகிதத்தை நீட்டினால் எட்டு டிகிரிக்குப் பாதி. 28 டிகிரித் தண்ணீரில் கழுவுகிறவர் அட்டவணை நேரத்தைப் பாதியாக்க வேண்டும். 24-க்கு மேலே இது என் நீட்சிதான். சோதித்துப் பார்க்காமல் முக்கியமான ரோலை இதில் போடாதீர்கள். என் ஏழரை நிமிடம் 31 டிகிரியில் மூன்றுக்கும் குறைவாக இருந்திருக்க வேண்டும் என்று இப்போது தெரிகிறது. இரண்டரை மடங்குக்கு மேல் கழுவியிருக்கிறேன்.

ஆனால் மூன்று நிமிடத்தில் கழுவவும் முடியாது. ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனால் சீராகக் கழுவாது என்று கோடக்கே எச்சரிக்கிறது. டெவலப்பரை ஊற்றி முடிக்கவே பத்துப் பதினைந்து வினாடி, அதைக் கொட்ட இன்னொரு பத்து. வானம் திட்டுத்திட்டாக வரும். ஏழைக்கேற்ற வழி இங்கேதான் இருக்கிறது: டெவலப்பரில் தண்ணீரைக் கூட்டு. இல்ஃபோர்டின் எச்பி5 பிளஸ் ஃபிலிமுக்கு ஐடி-11 டெவலப்பரில் 20 டிகிரிக்கு அவர்கள் சொல்லும் நேரங்கள்: நேராக ஊற்றினால் ஏழரை நிமிடம், ஒன்றுக்கு ஒன்று கலந்தால் 13, ஒன்றுக்கு மூன்று கலந்தால் 20. இந்த 20-ஐ 28 டிகிரிக்குப் பாதியாக்கினால் பத்து நிமிடம். கையாளக்கூடிய நேரம், மருந்தும் மிச்சம். ஒரு எச்சரிக்கை. ஒரு ரோலுக்குக் குறைந்தது 100 மில்லி அசல் மருந்து உள்ளே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நடுவழியில் களைத்துவிடும். 300 மில்லி டேங்கில் ஒன்றுக்கு மூன்று என்றால் 75 மில்லிதான் போகும். ஆகவே இரண்டு ரீல் பிடிக்கிற 600 மில்லி டேங்கில் ஒரே ரோலைப் போட்டு, 150 மருந்து, 450 தண்ணீர். ஆட்டுவதையும் மாற்றாதீர்கள். முதல் பத்து வினாடியில் நாலுமுறை கவிழ்த்து நிமிர்த்துவது, பிறகு ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் அதேபோல. பக்கத்து வீட்டுக்காரரோடு பேசிக்கொண்டே சும்மா குலுக்கினால் இத்தனை கணக்கும் வீண்.

எச்பி5-ஐ உதாரணத்துக்குச் சொன்னேன். கைக்கு எட்டுவது பெரும்பாலும் கென்ட்மியர் 400 அல்லது செக் நாட்டு ஃபோமாபான் 400. கென்ட்மியர் என்பது முன்பு இங்கிலாந்தின் ஏரிப் பிரதேசத்தில் தனி நிறுவனம். 2007-இல் இல்ஃபோர்டு ஃபிலிம் செய்கிற ஹார்மன் வாங்கியது. ஃபோமா 1921-இலிருந்து இருக்கும் ஆலை. இரண்டுக்கும் அவரவர் தாளில் உள்ள 20 டிகிரி நேரத்தை எடுத்துக்கொண்டு இதே விகிதத்தில் குறைக்கலாம். ஃபோமாவின் 400-ஐ அப்படியே நம்ப வேண்டாம். பெரும்பாலான டெவலப்பர்களில் அது 200, 250 அளவில்தான் நிழலுக்கு நியாயம் செய்கிறது. ஈரத்தில் அதன் மேல்பூச்சு மிருதுவாகவும் இருக்கும். நகம் பட்டால் போச்சு.

சூடு கூடினால் ஜெலட்டின் ஊறி உப்பும் என்பதையும் மறக்க முடியாது. பழைய வெப்பநாட்டுக் குறிப்புகளில் டெவலப்பரோடு சோடியம் சல்ஃபேட்டைச் சேர்ப்பார்கள். உப்புச்செறிவு ஊறலைக் கட்டுப்படுத்தும். கழுவும் வேகமும் மட்டுப்படும், அதற்கு நேரத்தைத் தனியாகக் கண்டுபிடிக்க வேண்டும். இது டெவலப்பரில் ஏற்கெனவே இருக்கும் சல்ஃபைட் அல்ல. கடைக்காரர் மாற்றிக் கொடுத்துவிடுவார், பாத்து வாங்குங்க. எனக்கு உதவியது மண்பானை. முதல் நாள் இரவே ஊற்றி, காற்றோட்டமான இடத்தில் வைத்தால் காலையில் குழாய்த் தண்ணீரைவிடச் சில டிகிரி குறைவாகவே இருக்கும். டெவலப்பர், நடுவே அலசும் தண்ணீர், ஹைப்போ, கடைசி அலசல் எல்லாம் அந்தப் பானைத் தண்ணீரே. எல்லாம் 27 என்றால் எல்லாம் 27. ஐஸ் போட்டு டெவலப்பரை மட்டும் 20-க்குக் கொண்டுவந்துவிட்டு 31 டிகிரிக் குழாயில் அலசுகிறவர்தான் ஜெலட்டினைச் சோதிக்கிறார்.

ஊட்டியில் ஃபிலிம் ஆலை வைத்ததற்கும் குளிர்தான் ஒரு காரணம். 1960-இல் நிறுவப்பட்டு 1967-இல் உற்பத்தியைத் தொடங்கிய இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ், 'இந்து' என்ற பெயரில் நம் ஸ்டுடியோக்களுக்கெல்லாம் ஃபிலிமும் பேப்பரும் கொடுத்த பொதுத்துறை நிறுவனம், 1990-களில் நலிந்து பின்னர் மூடப்பட்டது. மலையில் பூசப்பட்ட ஃபிலிம் சமவெளியின் வெந்நீரில் கழுவப்பட்டது. கதவில் துணி கட்டிய டார்க் ரூம்களில் ஸ்டுடியோ அண்ணன்கள் தெர்மாமீட்டர் இல்லாமல், விரலை விட்டுப் பார்த்து நேரம் சொன்னார்கள். அந்த அறிவை யாரும் எழுதி வைக்கவில்லை. அது 'தொழில்நுட்பம்' என்ற சொல்லாடலுக்குள் வரவேயில்லை.

மருந்தையும் வீட்டிலேயே கலக்கலாம். டி-76-இன் சூத்திரம் எல்லாருக்கும் தெரிந்தது: ஒரு லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்ஃபைட் 100, ஹைட்ரோகுயினோன் 5, வெண்காரம் 2. முக்கால் லிட்டர் தண்ணீரை 50 டிகிரிக்குச் சுடவைத்து, ஒரு சிட்டிகை சல்ஃபைட்டை முதலில், பிறகு மெட்டாலை, அதன்பிறகு மீதியை வரிசையாகப் போட்டுக் கரைத்து லிட்டராக்க வேண்டும். சல்ஃபைட்டை மொத்தமாக முதலில் கொட்டினால் மெட்டால் கரையாது. சமையல் பாத்திரத்தைத் தொடாதீர்கள்; மெட்டால் சிலருக்குத் தோலில் அரிப்பைக் கொண்டுவரும், கையுறை போடுங்கள். ஐடி-11-உம் கிட்டத்தட்ட இதே சூத்திரம்தான்.

இப்போது கூட்டங்களையும் போராட்டங்களையும் எடுக்கிற தோழர்களிடம் ஒரு சண்டை. ராத்திரிக் கூட்டம் என்றால் 400 ஃபிலிமை 1600 என்று வைத்து, ஏழரையை 14 நிமிடமாக்கி 'புஷ்' பண்ணுவது நமக்குப் பழக்கம். இல்ஃபோர்டின் அட்டவணையிலேயே அந்த 14 இருக்கிறது. அட்டவணை சொல்லாதது: புஷ் பண்ணுவதால் ஃபிலிமின் வேகம் பெரிதாகக் கூடுவதில்லை. இருட்டில் இருப்பவர்களைக் கைவிட்டுவிட்டு, விளக்குக்குக் கீழே இருப்பவரை இன்னும் பளிச்சென்று ஆக்குகிறது. மேடையும் மைக்கும் கிடைக்கும். தரையில் உட்கார்ந்திருக்கும் ஜனங்கள் கறுப்புப் பரப்பாகிவிடுவார்கள். அந்தக் கரடுமுரடான கறுப்பைப் 'போராட்ட அழகியல்' என்று நாம் கொண்டாடியும் இருக்கிறோம். எதிர்ப்பின் படம் என்று நாம் அச்சிடுவதில் எதிர்த்தவர் முகம் இல்லை.

பகலில் நான் இப்போது செய்வது இதற்கு நேர்மாறு. 400 ஃபிலிமை 200 என்று வைக்கிறேன், நிழலில் இருக்கும் முகத்துக்கு மீட்டர் பிடிக்கிறேன், கழுவும் நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைக்கிறேன். மேலே சொன்ன பத்து நிமிடம் எட்டாகும். முகமும் வரும், வேட்டியின் மடிப்பும் வரும். இரவில் வேறு வழியில்லாதபோது ஸ்டாண்டு போட்டு, மெதுவான ஷட்டரில், ஜனங்கள் அசையாமல் கேட்கிற நேரம் பார்த்து எடுக்கிறேன். சில படங்கள் ஆடிப்போகின்றன. போகட்டும்.

உங்கள் தண்ணீருக்கு உங்கள் எண்ணை நீங்களேதான் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு ரோலைச் செலவழியுங்கள். கறுத்த நிறமுள்ள ஒருவரை வெள்ளைச் சட்டையில், பாதி வெயிலில் பாதி நிழலில் நிற்கவைத்து ஒரே அளவில் ரோல் முழுக்க எடுங்கள். இருட்டில் மூன்றாக வெட்டி, ஒரே சூட்டில் ஆறு, எட்டு, பத்து நிமிடம் எனக் கழுவுங்கள். காய்ந்த துண்டைச் செய்தித்தாளின் மேல் வைத்துச் சட்டையின் கருமை வழியாக எழுத்து மங்கலாகவாவது படிக்க முடிகிறதா பாருங்கள். முடியாவிட்டால் நேரம் அதிகம். பிறகு ஃபிலிமின் விளிம்பைப் பாருங்கள். அங்கே இருக்கும் எழுத்தும் எண்ணும் ஆலையிலேயே ஒளிபட்டு வந்தவை, உங்கள் கேமராவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. விளிம்பெழுத்து அழுத்தமாக இருந்து முகம் மட்டும் காணோம் என்றால் டெவலப்பரைத் திட்டாதீர்கள், மீட்டரை எங்கே பிடித்தீர்கள் என்று யோசியுங்கள். எழுத்தே வெளிறியிருந்தால் கழுவினது போதவில்லை, அல்லது மருந்து செத்துவிட்டது. என் பந்தல் ரோல் இன்னும் இருக்கிறது. அதன் விளிம்பெழுத்துகள் கரிக்கட்டை மாதிரி, பக்கத்திலேயே அந்தப் பெண்கள் நின்ற இடம் தெளிந்த கண்ணாடி.