பிழைத்த எலி, செத்த எலி

ஆய்வகங்களில் ஒரு சுண்டெலி வகை உண்டு. டைஃபாய்டு கிருமியின் வெளிச்சுவரிலிருந்து எடுத்த எண்டோடாக்சின் என்ற விஷத்தை, மற்ற எலிகள் பிழைக்கவே முடியாத அளவுக்கு ஊசியில் ஏற்றுங்கள்; இதற்கு ஒன்றும் ஆகாது. 1965லேயே இதைக் கவனித்துவிட்டார்கள். காரணம் தெரிய 1998 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அதைக் கண்டுபிடித்த புரூஸ் பியூட்லர் 1957ல் சிகாகோவில் பிறந்தவர். இருபத்து மூன்று வயதிலேயே டாக்டர். ஆனால் மனம் ஆராய்ச்சியில்தான். நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் எலியின் செல்களிலிருந்து ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்தார். அது, புற்றுக்கட்டியை அழிக்கும் பொருளென்று மற்றவர்கள் கொண்டாடிக்கொண்டிருந்த டி.என்.எஃப். என்று பிறகு தெரிந்தது. 1985ல், அந்தப் புரதத்தை முடக்கும் எதிர்ப்பொருளை எலிகளுக்கு முன்கூட்டியே கொடுத்துவிட்டு எண்டோடாக்சினை ஏற்றிப் பார்த்தார்கள். எலிகள் பிழைத்தன. ஆக, கொன்றது கிருமியின் விஷம் மட்டுமல்ல. அதைக் கண்டு பதறி உடம்பு தானே சுரந்த புரதமும்தான்.

அப்படியானால், விஷம் வந்துவிட்டது என்று உடம்புக்கு முதலில் சொல்வது யார்? டாலஸுக்கு இடம் மாறிய பியூட்லர் 1993ல் இந்தக் கேள்வியோடு அந்த அசையாத எலியிடம் வந்தார். எலியின் முழு மரபணு வரைபடம் இல்லாத காலம் அது. நான்காவது குரோமோசோமின் ஒரு பகுதியைத் துண்டு துண்டாகப் படித்துக்கொண்டே போனார்கள். ஐந்து வருடம்! 1998 செப்டம்பரில் விடை சிக்கியது. டி.எல்.ஆர்.4 என்ற புரதத்தில், 712ஆவது இடத்தில், புரோலின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் ஹிஸ்டிடின். ஒரே ஓர் எழுத்துப் பிழை. எலிக்கு அந்த விஷத்தின் வாடையே எட்டவில்லை.

இதற்கு இரண்டு வருடம் முன்பே பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஜூல்ஸ் ஹாஃப்மன் குழு, டோல் என்ற மரபணு பழுதான பழ ஈக்கள் உடம்பெல்லாம் பூஞ்சை இழை முளைத்துச் சாவதைக் காட்டியிருந்தது. ஈயின் டோலும் எலியின் டி.எல்.ஆர்.4ம் ஒரே குடும்பம். 2011 நோபலில் பாதி இந்த இருவருக்கும் போனது.

எனக்கு முக்கியம் அந்த எலியின் மறுபக்கம். எண்டோடாக்சினுக்கு அசையாத அதே எலி, டைஃபாய்டு கிருமியின் இனமான சால்மொனெல்லா உயிரோடு கொஞ்சம் உள்ளே போனாலே செத்துப்போகும். வந்திருப்பது தெரிந்தால்தானே சண்டை போட! எதிர்ப்பு குறைந்தாலும் சாவு, மீறினாலும் சாவு.

இதைப் படித்த பிறகு, 'எதிர்ப்பு சக்தியைக் கூட்டும்' என்று அட்டையில் அச்சடித்த பொடி, லேகியம், மாத்திரைகளைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. எதைக் கூட்டுகிறார்கள்? டி.என்.எஃப்.ஐயா? அது கூடித்தான் முடக்குவாதக்காரரின் விரல் மூட்டு வீங்கிக் கோணுகிறது. அதை அடக்கத்தான் விலை உயர்ந்த ஊசிகள் போடுகிறார்கள். போடும் முன் காசநோய்ப் பரிசோதனை கட்டாயம், டி.என்.எஃப். அடங்கினால் உள்ளே உறங்கும் காசநோய் எழுந்துவிடலாம். கொரோனாவில் 2020ல் பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வில், வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பைச் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைத்தது டெக்ஸாமெத்தசோன். அது எதிர்ப்பைக் கூட்டும் மருந்தல்ல, அடக்கும் மருந்து. விலையும் மலிவு.

சத்துக் குறைந்தவருக்கு நல்ல சாப்பாடும் தூக்கமும் பலம் தரும் என்பார்கள். சரிதான், யார் மறுத்தார்கள்? அதற்கு எதற்கு டப்பாவும் விளம்பரமும்?

முடக்குவாதத்துக்கோ குடல் அழற்சிக்கோ எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து எடுப்பவரா நீங்கள்? யார் சொன்னாலும் 'சக்தி கூட்டும்' எதையும் டாக்டரிடம் காட்டாமல் தொடாதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் அது காசநோயாகவும் இருக்கலாம், பொடி தேட வேண்டாம். அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை இலவசம், போய்ப் பாருங்கள்.